டைட்டன் நீர்மூழ்கியில் பிழை எங்கே நடந்தது? சுற்றுலா நீர்மூழ்கியில் குடும்பத்தோடு ஏறலாமா?

கேள்வி: 2023 இல் டைட்டானிக்கைப் பார்க்கப் போன நீர்மூழ்கி காணாமல் போனபோது நாலு நாளாக எல்லோரும் அதைப் பற்றியே கதைத்தார்கள். கேம் விளையாடும் கொன்ட்ரோலரால் ஓட்டியதால்தான் உடைந்தது என்கிறார்கள். உண்மையா? வெளிநாடு போகும்போது சுற்றுலா நீர்மூழ்கிகளில் பிள்ளைகளோடு ஏறலாமா?

பதில்:

கொன்ட்ரோலரால் யாரும் சாகவில்லை. அது வேலை செய்யாமல் போனால் உந்திகள் நிற்கும், அவ்வளவுதான். கட்டியிருக்கும் பாரங்களைக் கழற்றிவிட்டால் கலம் தானாகவே மேலே வரும். மின்சாரம் முழுதாகப் போனாலும், உப்புத்தண்ணீரில் ஒரு நாளுக்குள் கரைந்து அறும் இணைப்புகளில் சில பாரங்கள் தொங்கின. அந்தப் பகுதியை ஓரளவு யோசித்தே செய்திருந்தார்கள். ஐந்து பேரின் உயிரை எடுத்தது கலத்தின் சுவர்.

எங்கள் பக்கத்தில் சங்கும் கடலட்டையும் குளிக்கப் போகிறவர்களுக்கு அமுக்கம் என்றால் என்னவென்று தெரியும். பத்து மீற்றர் இறங்கினால் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும். இருபது மீற்றரில், மேலே இருப்பதைப்போல மூன்று மடங்கு. சிலிண்டர் போட்டுக் குளிப்பவர் அதே அமுக்கத்தில் காற்றை இழுப்பதால் உடம்பு நசுங்காது. அவருக்கு வரும் ஆபத்து வேறு: இரத்தத்தில் கரைந்த நைதரசன், அவசரப்பட்டு மேலே வந்தால் குமிழியாகி மூட்டிலும் நரம்பிலும் அடைக்கும். ஆழ்கடல் நீர்மூழ்கிக்குள் இருப்பவருக்கு அந்தப் பிரச்சினை இல்லை, ஏனென்றால் உள்ளே தரையில் உள்ள அதே ஒரு வளிமண்டலம்தான். வெளியே, டைட்டானிக் கிடக்கும் 3,800 மீற்றரில், ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 390 கிலோ. உள்ளங்கை அளவு இடத்தில் முப்பது தொன்னுக்கு மேல். இந்த வித்தியாசம் முழுவதையும் சுவர் ஒன்றே தாங்க வேண்டும்.

அதனால்தான் ஆழத்துக்குப் போகும் கலங்களில் ஆட்கள் இருக்கும் அறையைக் கோளமாகச் செய்வார்கள். கோளத்தில் அமுக்கம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். உலோகம், பெரும்பாலும் டைட்டானியம். 1986 இல் டைட்டானிக்குக்கு ஆட்களைக் கொண்டுபோன அமெரிக்காவின் ஆல்வின் 1964 இலிருந்து ஓடுகிறது. அதன் இன்றைய டைட்டானியக் கோளம் 6,500 மீற்றருக்கு அனுமதி பெற்றது. சென்னையில் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் செய்யும் மத்ஸ்யா 6000 கலத்தின் கோளம் 2.1 மீற்றர் விட்டம், 80 மில்லிமீற்றர் தடிப்பு, மூன்று பேருக்கு இடம். கோளத்துக்குள் நெருங்கித்தான் இருக்கலாம். ஐந்து பேரை ஏற்றிக் காசு பார்க்க வேண்டுமென்றால் அது போதாது. டைட்டனைக் கட்டிய ஓஷன்கேட் நிறுவனம் உருளையாகச் செய்தது அதற்காகத்தான். ஏறக்குறைய 127 மில்லிமீற்றர் தடிப்புள்ள காபன் பைபர் உருளை, இரண்டு முனையிலும் டைட்டானிய வளையம், அதில் டைட்டானிய அரைக்கோள மூடி. வளையத்தையும் உருளையையும் பிடித்திருந்தது ஒட்டுப்பசை.

காபன் பைபர் கெட்ட பொருள் இல்லை. உள்ளிருந்து வெளியே தள்ளும் அமுக்கத்துக்கு, காஸ் சிலிண்டர் போன்றவற்றுக்கு, அது மிக நல்லது. ஏனென்றால் நார் இழுபடும்போதுதான் பலம். வெளியிலிருந்து உள்ளே அமுக்கினால் நார் நெளியப் பார்க்கும், பாரம் நார்களை ஒட்டிப் பிடிக்கும் பிசினான றெசினுக்குப் போகும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஆழத்தில் டைட்டானியம் சுருங்கும் அளவும் காபன் பைபர் சுருங்கும் அளவும் ஒன்றில்லை. ஒவ்வொரு தடவை இறங்கி ஏறும்போதும் நடுவில் இருக்கும் ஒட்டு இரண்டு பக்கமும் இழுபடும்.

இதை எங்கள் ஊரில் விளங்கப்படுத்துவது சுலபம். காரைநகர் சீநோர் படகுத் தொழிற்சாலைக் காலத்திலிருந்தே பைபர் படகு இலங்கையின் வடக்கில் பழகிய பொருள். கண்ணாடிநார் விரிப்பான மற்றை விரித்து, இறுகவைக்கும் காட்னர் கலந்த றெசின் பூசி, றோலரால் உருட்டிக் காற்றை வெளியேற்றி, அடுத்த மற் போடுவார்கள். கீழ்ப்படை முழுதாக இறுகிய பிறகு, அதைச் சுரண்டாமல், தூசு தட்டாமல் மேல்படையைப் போட்டால் என்ன நடக்கும் என்று திருத்தவேலை செய்கிறவர்களிடம் கேளுங்கள். வெளியே பார்க்க வடிவாக இருக்கும். சுத்தியல் பிடியால் பக்கத்தைத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடத்தில் இறுக்கமான சத்தம் வரும், படை பிரிந்த இடத்தில் "தொக்" என்று மந்தமாகக் கேட்கும். வெட்டிப் பார்த்தால் உள்ளே இரண்டு தோல், நடுவில் இடைவெளி. படகில் இப்படி நடந்தால் தண்ணீர் ஊறும், பக்கம் வெடிக்கும், கரைக்கு வந்து ஒட்டலாம்.

முதல் உருளை உடலைக் கழித்துவிட்டுச் செய்த டைட்டனின் இரண்டாவது உடலையும் ஒரேயடியாகச் சுற்றவில்லை. ஐந்து படையாக, ஒவ்வொன்றும் ஓர் அங்குலம், ஒன்றைச் சூட்டில் இறுக்கிய பிறகு அடுத்தது. நடுவில் வந்த சுருக்கங்களை அரைத்து மட்டமாக்கினார்கள். விபத்துக்குப் பிறகு அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை துண்டுகளைப் பரிசோதித்தபோது சுருக்கம், காற்றிடைவெளி, நுண்துளை எல்லாம் கண்டது. உடல் அந்த ஒட்டுப் படைகளை ஒட்டியே பிரிந்திருந்தது.

"முன்பு பலமுறை போய் வந்ததே" என்று அந்த நாட்களில் கேட்டவர்கள் நிறையப் பேர். இந்த இடத்தில்தான் பொதுசனத்தின் கணக்கு தலைகீழாகிறது என்று நினைக்கிறேன். உலோகம் எத்தனை தரம் அமுங்கி விரிந்தால் களைத்துப்போகும் என்பதற்குப் பல பத்தாண்டு அளவீடுகள் உண்டு. தடித்த காபன் பைபர் உருளைக்கு, இந்த ஆழத்தில், அப்படி ஒரு கணக்கு இல்லை. ஒவ்வொரு பயணமும் சில நார்களை முறித்திருக்கலாம், முறிந்தது திரும்ப ஒட்டாது. அதனால் அடுத்த பயணத்துக்கு அது ஆதாரம் ஆகாது, தேய்மானம்தான். முதல் உடலில் 2019 இல் வெடிப்புக் கண்டு அதைக் கழித்தார்கள். மூன்றிலொரு பங்கு அளவில் செய்த மாதிரிகள் சோதனையில் உடைந்தன. 2022 ஜூலை 15, எண்பதாவது பயணத்தில், மேலே வரும்போது பெரிய சத்தம் ஒன்று கேட்டது. உடல் தாங்குசட்டத்தில் நகர்ந்த சத்தம் என்று விளக்கம் சொன்னார்கள். சுவர் நெளியும் அளவைக் காட்ட உடலில் பொருத்தியிருந்த கருவிகள் அன்றிலிருந்து வேறுமாதிரி எண் காட்டின. படை பிரிந்தது அன்றுதான் என்பது விசாரணையின் முடிவு. அதன் பிறகும் ஆட்களை ஏற்றிக்கொண்டு இறக்கினார்கள். அடுத்த குளிர்காலத்தில் கலம் கனடாவின் சென்ட் ஜோன்ஸில் வெளியே நின்றது. இடைவெளிக்குள் புகுந்த தண்ணீர் உறைந்தால் விரியும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2023 ஜூன் 18 அன்று இறங்கியது எண்பத்தெட்டாவது பயணம்.

தேடுதல் பற்றியும் கேட்கிறார்கள்: தொண்ணூற்றாறு மணித்தியால ஒட்சிசன் என்று நாலு நாளாக எண்ணிக்கொண்டிருந்தது வீணா? வீண் என்று சொல்லமாட்டேன். 1973 இல் அயர்லாந்துக்கு அப்பால் ஏறக்குறைய 480 மீற்றரில் பைசஸ் 3 என்ற கலம் மாட்டி, 76 மணித்தியாலத்துக்குப் பிறகு இருவரை உயிரோடு எடுத்தார்கள். பன்னிரண்டு நிமிட ஒட்சிசன்தான் மிச்சம் இருந்தது. ஆனால் ஒட்சிசன் மட்டும் எண்ணினால் போதாது. மூச்சுவிடும் காபனீரொட்சைட்டை உறிஞ்சும் இரசாயனம் முடிந்தால் அதற்கு முன்பே மயக்கம் வரும். அந்த ஆழத்தில் தண்ணீர் உறைநிலையை ஒட்டிய குளிர். மேலே மிதந்து வந்திருந்தாலும் கதவு வெளியிலிருந்து 17 போல்ட்டால் இறுக்கப்பட்டது, உள்ளே இருப்பவர் திறக்க முடியாது. வெள்ளை நிறக் கலத்தை வெள்ளை நுரைக்குள் விமானத்திலிருந்து கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

ஆனால் உண்மை முதல் நாளே முடிந்திருந்தது. பின்னர் வெளியிட்ட காணொளியில், துணைக்கப்பலில் கணினிக்கு முன் இருந்த நிறுவனத் தலைவரின் மனைவி திடீரென்று திரும்பி, அது என்ன சத்தம் என்று கேட்கிறார். சில செக்கன்களில் இரண்டு பாரம் கழற்றிவிட்டதாக டைட்டனிலிருந்து செய்தி திரையில் வருகிறது. செய்தி சத்தத்துக்கு முன் அனுப்பப்பட்டது, தாமதமாக வந்து சேர்ந்தது. அதனால் அங்கிருந்தவர்கள் கலம் நன்றாக இருக்கிறது என்று நம்பினார்கள். ஆழம் அப்போது 3,300 மீற்றரைத் தாண்டியிருந்தது. கரையோரக் காவற்படைக்கு அறிவித்தது ஏழெட்டு மணித்தியாலம் கழித்து. அமெரிக்கக் கடற்படையின் கருவிகளும் அந்தச் சத்தத்தைப் பிடித்திருந்தன, ஆனால் உறுதி இல்லாததால் தேடலை நிறுத்தவில்லை. அது சரியான முடிவு. அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா தட்டும் சத்தம் கேட்டதென்று எல்லோரும் நம்பிக்கை வைத்தது கலத்திலிருந்து வந்ததில்லை. அவ்வளவு ஆழத்துக்கு இறங்கக்கூடிய றோபோ ஜூன் 22 அன்றுதான் அடியை அடைந்தது. அடைந்து சில மணித்தியாலத்தில் டைட்டானிக்கின் முன்பகுதியிலிருந்து ஐந்நூறு மீற்றர் அளவில் துண்டுகளைக் கண்டது.

உள்ளே இருந்தவர்கள் தவித்தார்களா என்று கேட்பவர்களுக்கு: நசுங்குவது சில மில்லிசெக்கனில் முடியும், மூளை வலியை உணர அதைவிடக் கூட நேரம் வேண்டும். அபாயம் தெரிந்து பதறி எழுதியதுபோல இணையத்தில் சுற்றிய நீண்ட உரையாடல் புனைவு என்று விசாரணையாளரே சொல்லிவிட்டார். அதை இன்னமும் வட்சப்பில் அனுப்புகிறார்கள். தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

சனத்தின் கோபத்தில் ஒரு பகுதி நியாயம். அதே கிழமை, ஜூன் 14 அன்று, கிரேக்கத்தின் பைலோஸுக்கு அப்பால் ஏறக்குறைய 750 பேரோடு அகதிப் படகு கவிழ்ந்து 104 பேர்தான் தப்பினார்கள். அதற்குக் கிடைக்காத கப்பலும் விமானமும் செய்திநேரமும் ஐந்து பேருக்குக் கிடைத்தது. படகேறிக் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போன உறவுகள் உள்ள எங்களுக்கு அது எவ்வளவு சுடும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் ஓர் ஆளுக்கு 250,000 டொலர் கட்டினார்கள், அன்றைய கணக்கில் ஏழரைக் கோடி இலங்கை ரூபா, ஆகவே சாகட்டும் என்று எழுதியதை ஏற்க முடியாது. செத்தவர்களில் ஒருவர் தகப்பனோடு போன 19 வயதுப் பிள்ளை. காசு கட்டியவர்கள் சுவரைப் பரிசோதிக்க வழியே இல்லை. அதைச் செய்ய வேண்டியவர்கள் வேறு.

அந்த வேறு ஆட்கள் சொல்லாமலும் இல்லை. நிறுவனத்தின் கடல்நடவடிக்கைப் பணிப்பாளர் 2018 இல் உடலைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்டு வேலை இழந்தார். பார்க்கும் கண்ணாடி 1,300 மீற்றருக்குத்தான் அத்தாட்சி பெற்றது என்றும் அவர் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டு மார்ச்சில் துறையைச் சேர்ந்த முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் எச்சரித்துக் கடிதம் எழுதினார்கள். கலங்களைப் பரிசோதித்துச் சான்று தரும் வகைப்படுத்தற் சங்கம் எதனிடமும் நிறுவனம் டைட்டனுக்குச் சான்று பெறவில்லை, எந்த நாட்டிலும் பதியவில்லை, காசு கட்டிய பயணிகளைப் "பணி நிபுணர்" என்று எழுதியது. பயணி என்று எழுதினால் பயணிக்கலச் சட்டம் வரும். அமெரிக்கக் கரையோரக் காவற்படை 2025 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, இது தவிர்த்திருக்கக்கூடிய விபத்து என்று எழுதியது.

இனி ஏறலாமா என்பது. பாக்குநீரிணை ஆழம் குறைந்த கடல், நீங்கள் இப்படியொரு கலத்தைச் சந்திப்பது மொரீசியஸ், செங்கடல் போன்ற இடங்களில்தான். முப்பது மீற்றருக்குள் ஓடும் உலோகக் கலங்கள் டைட்டனைப் போன்றவை இல்லை, அவற்றைக் கண்டு பொதுவாகப் பயப்பட வேண்டாம். ஆனால் ஆழம் குறைவென்றால் ஆபத்தே இல்லை என்றும் எடுக்காதீர்கள். 2025 மார்ச் 27 அன்று எகிப்தின் ஹுர்காடாவில், கரைக்கு அருகிலேயே, சிந்பாத் என்ற சுற்றுலா நீர்மூழ்கி மூழ்கி ஆறு பேர் இறந்தார்கள்.

ரிக்கெற் எடுக்க முதல், நடப்பாண்டு வகைப்படுத்தற் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். டிஎன்வி, லொயிட்ஸ், ஏபிஎஸ், பீரோ வெரிட்டாஸ் போன்ற பெயர் அதில் இருக்க வேண்டும். "அந்த விதிகளின்படி கட்டியது" என்ற வசனம் சான்றிதழ் ஆகாது. சான்றிதழில் எழுதிய ஆழத்தையும் அன்று இறங்கும் ஆழத்தையும் ஒப்பிடுங்கள். கதவை உள்ளேயிருந்து திறக்கலாமா என்று கேளுங்கள். தொடர்பு அறுந்தால் எத்தனை நிமிடத்தில் மேலே உள்ள படகு உதவி கேட்கும் என்று கேளுங்கள், உறுதியான எண் வராவிட்டால் அவர்களிடம் திட்டம் இல்லை. கையொப்பப் பத்திரத்தில் உங்களைப் பயணி என்று எழுதியிருக்கிறதா, வேறு பெயரா என்று வாசியுங்கள். ஏறிய பின் ஆட்களை எண்ணுகிறார்களா, கதவு பூட்டியதை ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லி உறுதிப்படுத்துகிறார்களா என்று பாருங்கள். கதவு திறந்திருக்கும்போதே கலம் தாழ்ந்தால் உடனே வெளியே வாருங்கள், பையை எடுக்க மினக்கெட வேண்டாம். பிள்ளையைக் கதவடி ஏணிக்குக் கிட்ட உள்ள இருக்கையில் இருத்துங்கள். குறிகட்டுவானில் நயினாதீவுப் படகுக்கு உயிர்காப்பு அங்கி போடுவதைப்போல, நீர்மூழ்கிக்குக் கொண்டுபோகும் இணைப்புப் படகிலும் அங்கியைப் போட்டு முடிச்சையும் கட்டுங்கள்.