ஃபயர்பாலுக்குத் தப்பிய ரோக், மேஜிக் மிஸைலுக்கு ஏன் தப்பவில்லை?

கேள்வி: ஐயா, மதுரை கே.கே. நகரில் நண்பர் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் ஐந்து பேர் கூடி பகடை உருட்டிக் கற்பனைப் பாத்திரங்களாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை ஆடுகிறோம். என் பாத்திரம் ஏழாம் லெவல் ரோக், அதாவது வேகமும் தந்திரமும் உள்ள திருடன் வகை. போன வாரம் எதிரி மந்திரவாதி வீசிய ஃபயர்பால் என்னும் நெருப்புக்கோள மந்திரத்தில் சிறு கீறல்கூட இல்லாமல் தப்பினேன். அடுத்த சுற்றில் அவன் மேஜிக் மிஸைல் ஏவியபோது, அன்கேனி டாட்ஜ் திறனைப் பயன்படுத்திச் சேதத்தைப் பாதியாக்குவதாகச் சொன்னேன், ஆட்டத்தை நடத்தும் டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) மறுத்துவிட்டார். அதற்கடுத்து ஹோல்ட் பர்சன் மந்திரத்தில் சிக்கிச் சிலை போல நின்றேன். அப்போதும் விலகித் தப்ப வழியில்லை என்றார். தப்பும் திறன்கள் மந்திரங்களுக்குச் செல்லுமா, செல்லாதா?

பதில்: மூன்று இடங்களிலும் உங்கள் டிஎம் சரியாகவே தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். உங்கள் குழப்பத்துக்குக் காரணம், வருவது மந்திரமா ஆயுதமா என்று பார்த்துத் தப்பும் திறன்கள் வேலை செய்கின்றன என நீங்கள் நினைத்திருப்பதுதான். விதி அதைக் கவனிப்பதே இல்லை. இருபது பக்கப் பகடையை யார் உருட்டுகிறார், எதற்காக உருட்டுகிறார் என்பதை மட்டுமே அது கவனிக்கிறது.

கள்ளழகர் வைகையில் இறங்கும் நாளில் ஆற்றுக்குள் நின்று பழகியவருக்கு இது எளிதில் விளங்கும். தோல்பையில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு ஒருவர் உங்களையே குறிபார்த்துப் பீய்ச்சினால், அது அவருடைய குறிக்கும் உங்கள் விலகலுக்கும் இடையிலான போட்டி. பத்துப் பேர் சேர்ந்து கூட்டத்தின் மேல் பீய்ச்சும்போதோ யாரும் யாரையும் குறிபார்ப்பதில்லை. தண்ணீர் எப்படியும் வந்து விழும், நீங்கள் எவ்வளவு வேகமாகக் குனிகிறீர்கள் என்பது மட்டுமே மிச்சம். முன்னதில் தாக்குபவர் பகடை உருட்டுகிறார், அது அட்டாக் ரோல்; பின்னதில் தப்புபவர் உருட்டுகிறார், அது டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) சேவ்.

அன்கேனி டாட்ஜ் முன்னதற்கு உரியது. உங்கள் கண்ணுக்குத் தெரியும் எதிரி ஒருவர் அட்டாக் ரோல் உருட்டி, அது உங்கள் மேல் பட்டால், உடனடி எதிர்வினையான உங்கள் ரியாக்‌ஷனைச் செலவிட்டு அந்த அடியின் சேதத்தைப் பாதியாக்கலாம். ஃபயர் போல்ட், ஸ்கார்ச்சிங் ரே போன்றவை மந்திரங்களானாலும் ஏவுபவர் குறிபார்த்துப் பகடை உருட்டுவதால் அவற்றுக்கு இது முழுமையாகச் செல்லும். ஆனால் ஸ்கார்ச்சிங் ரேயில் மூன்று கதிர்கள், மூன்று தனித்தனி ரோல்கள். உங்களிடம் இருப்பதோ சுற்றுக்கு ஒரே ரியாக்‌ஷன். மூன்றில் ஒன்றைத்தான் பாதியாக்க முடியும். மேஜிக் மிஸைலில் அட்டாக் ரோலும் இல்லை, சேவும் இல்லை. ஒவ்வொன்றும் நான்கு பக்கப் பகடையோடு 1 கூட்டிய அளவு சேதம் தரும் மூன்று அம்புகள் நேராக வந்து தைக்கின்றன. ‘அட்டாக்’ என்று ஒன்று நடக்காத இடத்தில் பாதியாக்குவதற்கும் ஒன்றுமில்லை. ஷீல்ட் மந்திரம் அதற்கென்றே எழுதப்பட்ட நேரடித் தடுப்பு.

ஃபயர்பாலில் உங்களைக் காத்தது இவேஷன். ரோக்குக்கும் துறவி வீரர் வகையான மங்க்குக்கும் ஏழாம் லெவலில் வரும் இந்தத் திறனின் மதிப்பைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். மூன்றாம் லெவல் மந்திரமான ஃபயர்பால் 8 ஆறுபக்கப் பகடைகள் அளவு சேதம் தரும், சராசரி 28. உங்கள் டெக்ஸ்டெரிட்டி 18, மந்திரவாதிக்கு எதிராக நீங்கள் எட்ட வேண்டிய சேவ் எண் 15 என்று வைத்துக்கொள்வோம். திறனுக்கு 4, பயிற்சிக்கு 3 எனக் கூட்டல் 7 ஆகிறது. பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும், அதாவது 65 சதவீத வாய்ப்பு. இவேஷன் இல்லாதவர் சேவ் வென்றால் பாதி, தோற்றால் முழுச் சேதம் என்பதால், இதே நிலையில் சராசரியாக 19 அளவுக்குச் சேதம் வாங்குவார். சேவ் வென்றால் சேதமே இல்லை, தோற்றாலும் பாதிதான் என்பதால் உங்கள் சராசரி 5-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. அதற்கு முந்தைய உங்கள் முறையில், தாக்காமல் விலகுவதிலேயே கவனம் வைக்கும் டாட்ஜ் ஆக்‌ஷன் எடுத்திருந்தால், இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுப்பீர்கள். அப்போது சராசரி 2-க்கும் குறைவு.

ஆயினும் இவேஷனுக்கு இரண்டு நிபந்தனைகள் சேர்ந்தே பொருந்த வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சேவ் டெக்ஸ்டெரிட்டிக்கு உரியதாக இருக்க வேண்டும். அதோடு, வென்றால் பாதிச் சேதம் என்று மந்திரத்தின் விளக்கத்தில் சொல்லியிருக்கவும் வேண்டும். சேக்ரட் ஃப்ளேம் டெக்ஸ்டெரிட்டி சேவ்தான், ஆனால் வென்றால் சேதமே இல்லை, தோற்றால் முழுச் சேதம். ‘பாதி’ என்ற பேச்சே அங்கு எழாததால் இவேஷன் கைகொடுக்காது. கோன் ஆஃப் கோல்டில் பாதி உண்டு, ஆனால் கேட்பது கான்ஸ்டிட்யூஷன் சேவ். குளிர் உங்களைச் சூழ்ந்துகொண்டபின் உடல்தான் தாங்க வேண்டும், கால் வேகத்துக்கு அங்கு வேலையில்லை.

ஹோல்ட் பர்சனும் இந்த வகைதான்; அது கேட்பது விஸ்டம் சேவ். கண்ணேறு படும்போது குனிந்து தப்பித்ததாக நம் ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதுண்டா? மனத்தின் மேல் விழும் மந்திரத்துக்கும் அதே நியாயந்தான். அதைவிடக் கொடுமை அதன் பின்விளைவு. அசைவற்றுப் போனவர் டெக்ஸ்டெரிட்டி சேவில் தானாகவே தோற்பார், ரியாக்‌ஷனும் போய்விடும். ஐந்தாம் பதிப்பின் 2014 விதிப் புத்தகத்தை எழுத்துக்கு எழுத்து வாசித்தால், அப்படிக் கட்டுண்ட ரோக்குக்குக்கூட இவேஷன் பாதிச் சேதம் தருகிறது. சிலையாக நிற்பவன் எப்படி விலகினான் என்று கேட்டால் பதில் இல்லை. 2024 திருத்தப் பதிப்பில், செயலிழந்த நிலையில் இவேஷன் இல்லை என்று எழுதி இந்த வேடிக்கைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்கள். நீங்கள் எந்தப் புத்தகத்தை வைத்து ஆடுகிறீர்கள் என்பதை முதலில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் சேவ் தோற்றால் இவேஷன் எதையும் குறைக்காது. பழைய ஆட்டக்காரர் எவரேனும் உங்கள் மேசையில் இருந்தால் அந்த நினைவில் வாதிடக்கூடும்.

டாட்ஜ் ஆக்‌ஷனைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நகரும் வேகம் பூஜ்யமானால் அதன் பலன் அப்போதே போய்விடும். திருநகரில் நான் டிஎம்மாக நடத்திய ஓர் ஆட்டத்தில் இதை நானே தவறவிட்டேன். வெப் மந்திரத்தின் வலையில் சிக்கியிருந்த ரோக்குக்கு ஃபயர்பாலின்போது இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்க அனுமதித்தேன். ஒரு பகடை முறுக்குத் தட்டின் விளிம்பில் முட்டி 4 காட்டி நின்றது, மற்றொன்று 17, மேசையே ஆர்ப்பரித்தது. டீ ஆறுவதற்குள் ஒருவர் புத்தகத்தைப் புரட்டி எடுத்துக் காட்டினார்: வலையில் சிக்கியவருக்கு வேகம் பூஜ்யம் என்பதால் டாட்ஜ் இல்லை, கட்டுண்டவர் என்பதால் இரண்டில் சிறியதைத்தான் எடுக்க வேண்டும். 17 போய் 4 ஆயிற்று. எதிரி உங்களைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டாலும் வேகம் பூஜ்யந்தான், டாட்ஜ் போய்விடும்.

அடுத்த ஞாயிறு அதே மந்திரவாதியை எதிர்கொள்வதானால், விலகுவதைவிட மறைவது நல்லது என்பது என் கருத்து. மேஜிக் மிஸைல், ஹோல்ட் பர்சன் இரண்டுமே ஏவுபவர் கண்ணுக்குத் தெரியும் ஆளைத்தான் குறிவைக்க முடியும். ரோக்குக்கு இரண்டாம் லெவலிலேயே கிடைக்கும் கன்னிங் ஆக்‌ஷனால், அடித்த கையோடு, கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷனில் ஒளிந்துகொள்ளலாம். திருமலை நாயக்கர் மகால் தூண் அளவுக்கு ஒரு மறைப்பு அந்த மண்டபத்தில் இருக்கிறதா என்று டிஎம்மிடம் முதலிலேயே கேட்டு வையுங்கள். ஆளைக் காணாமல் எரிச்சலடைந்து அவன் தோராயமாக ஒரு ஃபயர்பாலை அந்தத் தூணருகே வீசினால் வீசட்டும். அதற்குத்தான் உங்களிடம் இவேஷன் இருக்கிறது.