டப்பாவில் என்ன கட்டுவது? வாசகர் கேள்விகள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று, அதனால் இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மதிய டப்பாவைப் பற்றியவை. மீதி, ஊர் சுற்றப் போகிறவர்கள் கேட்டவை. இரண்டும் ஒரே சமாச்சாரம்தான் என்பதால் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: ஏழாவது படிக்கும் என் மகள் தினமும் சாண்ட்விச்தான் வேண்டும் என்கிறாள். கட்டிக் கொடுத்தால் பாதியைத் திருப்பிக் கொண்டு வருகிறாள். வேறு என்ன கொடுக்கலாம், அக்கா? (கோவை வாசகி)

பதில்: பாதி திரும்பி வருகிறது என்றால் அவளுக்கும் அது பிடிக்கவில்லை, கேட்டுவிட்டோமே என்று கொறிக்கிறாள், அவ்வளவுதான். ஒன்று செய்யுங்கள். நாளைக்கு அவளுக்குக் கட்டும்போது இன்னொரு சின்ன டப்பாவிலும் கொஞ்சம் எடுத்து மூடி வைத்து, அவள் சாப்பிடும் அதே பன்னிரண்டரை மணிக்கு நீங்களும் திறந்து சாப்பிட்டுப் பாருங்கள். காலை ஏழரைக்குத் தக்காளியும் வெள்ளரிக்காயும் வைத்து மூடிய பிரெட் அந்நேரத்துக்கு என்ன கதியில் இருக்கிறது என்று தெரியும். பிரெட் என்றில்லை, எதைக் கட்டினாலும் நான் இந்தச் சோதனையைத்தான் செய்வேன். அடுப்பிலிருந்து இறக்கியதும் ருசியாக இருப்பது வேறு, ஐந்து மணி நேரம் கழித்து ஆறிப்போன பிறகும் ருசியாக இருப்பது வேறு. தோசை முதல் வகை, பத்து மணிக்கே ரப்பர். குழிப்பணியாரம் இரண்டாவது வகை.

ஆமாம், பணியாரத்தில் ஆரம்பியுங்கள். மூன்றாம் நாள் புளித்த தோசை மாவு போதும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கடுகு, கடலைப்பருப்பு எல்லாம் வதக்கி மாவில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டுச் சுடுங்கள். ஆறினாலும் உள்ளே பஞ்சு மாதிரியே இருக்கும், ஒரு வாய்க்கு ஒன்று என்று எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு இது முக்கியம். அவர்களுக்குக் கிடைக்கும் இருபது நிமிஷத்தில் பாதி பேச்சில் போய்விடும், பிசைந்து சாப்பிட வேண்டியது, பிய்த்துத் தின்ன வேண்டியது எல்லாம் அப்படியே திரும்பி வரும். அப்புறம் பிடிகொழுக்கட்டை: அரிசி ரவையைத் தாளித்துக் கிளறி, கையால் பிடித்து, ஆவியில் வைத்து எடுப்பது. மதியத்துக்கு அது காலையில் இருந்ததைவிட நன்றாக இருக்கும் என்பது என் கட்சி. முந்தின நாள் இடியாப்பம் மிஞ்சினால் உதிர்த்து எலுமிச்சை சேவை. முருங்கைக்கீரை போட்ட அடை இரண்டும் ஒரு சின்ன வெல்லக்கட்டியும் வைத்துக் கொடுங்கள், ஆறின அடைக்கு வெல்லம்தான் ஜோடி. சட்னி மட்டும் வேண்டாம். எண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியோ தக்காளித் தொக்கோ போதும்.

சாண்ட்விச்சை அடியோடு நிறுத்தவும் வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் உள்ளே ஈரமில்லாமல் வையுங்கள்.

கேள்வி: புளியோதரை கோயிலில் தருவது மாதிரி வரவே இல்லை. காலையில் கலந்து கட்டினால் மதியம் சாதம் வெடவெடவென்று தனியாக, புளி தனியாக நிற்கிறது. (திருச்சி வாசகி)

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். காலையில் கலந்து மதியம் சாப்பிட்டால் அப்படித்தான் இருக்கும். ராத்திரியே கலந்துவிட வேண்டிய சாதம் அது. ஆடிப்பெருக்கன்று உங்கள் ஊர்க் காவிரிக்கரையில் அம்மாமண்டபத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து பொட்டலம் பிரிக்கிறார்களே, அந்தச் சித்திரான்னங்களில் புளிச் சோறு மட்டும் கடைசி வாய் வரைக்கும் நன்றாக இருக்க அதுதான் காரணம், அதற்கு ஊறுகிற நேரம் கிடைத்திருக்கிறது.

கால் கிலோ அரிசிக்குப் பெரிய எலுமிச்சை அளவு புளி. பழைய புளி, கறுத்தது, கிடைத்தால் விடாதீர்கள். கெட்டியாகக் கரைத்து, தாளித்த நல்லெண்ணெயில் ஊற்றி, மஞ்சள்தூள், உப்பு, பெருங்காயம் சேர்த்து, பச்சை வாசனை போய், எண்ணெய் பிரிந்து ஓரமாக ஒதுங்கும் வரைக்கும் கொதிக்க விட வேண்டும். இங்கேதான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். தண்ணீர் மிச்சமிருந்தால் சாதம் குழையும், சீக்கிரம் கெடவும் கெடும். இறக்கும்போது சுண்டைக்காய் அளவு வெல்லம். வறுத்துப் பொடிக்க வேண்டியவை தனியா, காய்ந்த மிளகாய், கடலைப்பருப்பு, வெந்தயம், எள். வெந்தயம் அரை ஸ்பூனைத் தாண்டினால் கசப்பு முந்திக்கொள்ளும். பொடியைப் புளிக்காய்ச்சலோடு சேர்த்துக் கொதிக்க விடாமல் சாதத்தில் கலக்கும்போது தூவுங்கள், மணம் நிற்கும்.

சாதம் உதிரியாக வடித்ததும் அகலமான தாம்பாளத்தில் கொட்டி, பச்சை நல்லெண்ணெய் இரண்டு கரண்டி விட்டு ஆற வையுங்கள். சூட்டோடு கிளறினால் பருக்கை உடையும், சில்லென்று ஆறிப்போனால் புளி உள்ளே இறங்காது. கை பொறுக்கிற சூடு சரி. வேர்க்கடலையைக் கலக்காதீர்கள், நமுத்துப் போகும். தனியாக ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டுச் சாப்பிடும்போது போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரே நாளில் செய்த தேங்காய் சாதம் கெட்டுப்போகிறது, புளியோதரை கெடுவதில்லை. ஏன்? (நாமக்கல் வாசகர்)

பதில்: காணும் பொங்கலுக்கு மாமல்லபுரம் போனபோது ஒரு அடுக்கு நிறைய தேங்காய் சாதம் கொண்டுபோய், இரண்டு மணிக்குத் திறந்து, அப்படியே மூடின குடும்பம் எங்களுடையது. எட்டுப் பேர் சுண்டலும் மாங்காய்ப் பத்தையும் தின்று பசியாறினோம். அதற்குப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமியின் வித்துகள் இருக்கும். சோறு வேகும் சூட்டில் அவை சாவதில்லை. வெதுவெதுப்பாகச் சோறு கிடக்கும் நேரத்தில் முளைத்துப் பெருகி நஞ்சு விடுகின்றன, அந்த நஞ்சில் ஒரு வகை திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. பொதுவாக உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பார்கள், வெயில் கொளுத்தினால் ஒரு மணி நேரம்தான். நம் ஊர் மத்தியானம் எப்போதும் அந்த வெயில்தான். புளியும் எலுமிச்சையும் தயிரும் அந்தக் கிருமிக்கு ஒத்துவராத புளிப்பைக் கொடுக்கின்றன. தேங்காயில் அந்தப் புளிப்பு கிடையாது, ஈரமும் இனிப்பும்தான் இருக்கிறது. அதனால் தேங்காய் சாதம், தேங்காய்ச் சட்னி, தேங்காய் தூவிய சுண்டல், பொரியல் எல்லாம் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு, எந்தச் சாதத்தையும் சூடாக டப்பாவில் அமுக்கி மூடாதீர்கள். மூடிக்கு அடியில் முத்து முத்தாக வேர்த்துச் சொட்டுகிற தண்ணீர்தான் முதல் எதிரி. தட்டில் பரப்பி, விசிறிக்கு அடியில் வைத்து, சீக்கிரம் ஆற வைத்துக் கட்டுங்கள்.

கேள்வி: எலுமிச்சை சாதம் கசக்கிறது.

பதில்: அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள். விதையும் விழக்கூடாது.

கேள்வி: தயிர் சாதம் மதியத்துக்குள் கல் மாதிரி இறுகி, புளித்துப் போகிறது. அலுவலகத்தில் திறக்கவே கூச்சமாக இருக்கிறது. (சென்னையில் தனியாகத் தங்கியிருப்பவர்)

பதில்: நீங்கள் தயிர் ஊற்றிப் பிசைகிறீர்கள். கட்டிக்கொண்டு போகிற தயிர் சாதம் பால் சாதமாகத்தான் புறப்பட வேண்டும். ஒரு டம்ளர் அரிசியைத் தண்ணீர் கொஞ்சம் கூட வைத்துக் குழைய வேக விட்டு, சூட்டிலேயே மசித்து, காய்ச்சின பால் இரண்டு, இரண்டரை டம்ளர் ஊற்றுங்கள். பார்க்கப் பாயசம் மாதிரி தளதளவென்று இருக்கும், பயப்படாதீர்கள், அரிசி எல்லாவற்றையும் குடித்துவிடும். கை சூட்டுக்கு ஆறியதும் இரண்டு ஸ்பூன் தயிர், உப்பு. டப்பாவுக்குள்ளேயே உறைந்து, நீங்கள் திறக்கும்போது அப்போது தோய்த்த தயிர் ருசி இருக்கும். இஞ்சி, கடுகு, கறிவேப்பிலை தாளித்துப் போடலாம். வெள்ளரிக்காய் நீர் விடும், மாதுளை முத்து விடாது. மோர் மிளகாயைத் தனியாக.

சாதத்தை முதல் நாளே வடித்து ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில் பிசைகிறீர்களோ என்றும் ஒரு சந்தேகம். குளிரில் அரிசியின் மாவுச்சத்து இறுகிப்போகும், பச்சரிசியும் பாஸ்மதியும் கேட்கவே வேண்டாம். அப்படி ஆகிவிட்டால் தண்ணீர் தெளித்து ஆவி காட்டிவிட்டுத்தான் பால் ஊற்ற வேண்டும்.

கேள்வி: சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் போகிறோம், இரண்டு இரவு, ஒரு பகல். மாமனார் வெளிச் சாப்பாடு தொட மாட்டார். (தாம்பரம் வாசகி)

பதில்: முதல் ராத்திரிக்கு மிளகாய்ப்பொடி இட்லி. ஆறின இட்லியின் இரண்டு பக்கமும் எண்ணெயில் குழைத்த பொடியைத் தாராளமாகத் தடவி, அனலில் வாட்டின வாழையிலையில் அடுக்கிக் கட்டுங்கள். வாட்டாத இலை மடிக்கும்போதே கிழிந்துவிடும். மறுநாள் காலைக்குக் காஞ்சிபுரம் இட்லி செய்யலாம்: மிளகு, சீரகம், சுக்கு, நெய் எல்லாம் போட்டது. வரதராஜப் பெருமாள் கோயிலில் மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் வேக வைப்பார்கள், நீங்கள் டம்ளரில் வைத்தால் போதும். சாதாரண இட்லியைவிடக் கூடுதல் நேரம் தாங்கும்.

மதியத்துக்குப் புளியோதரை, மேலே சொன்னபடி. இரண்டாம் ராத்திரி வரும்போது வீட்டில் செய்து கொண்டுபோன எதையும் நம்பாதீர்கள், காய்ந்ததைத் தவிர. அதற்கு நான் செய்வது, ரவையை நெய்யில் நன்றாக வறுத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை மொறுமொறுவென்று தாளித்துக் கொட்டி, உப்பும் சேர்த்து, ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக்கொள்வது. ரயிலில் கொதிநீர் வாங்கி, ஒன்றுக்கு இரண்டு ஊற்றி, பத்து நிமிஷம் மூடி வைத்தால் உப்புமா. சௌகார்பேட்டையில் குஜராத்திக்காரர்கள் பயணத்துக்குச் செய்கிற தேப்லாவும் நல்ல யோசனை, வெந்தயக்கீரையும் எண்ணெயும் தாராளமாகச் சேர்த்துப் பிசைந்த மெல்லிய சப்பாத்தி. உருளைக்கிழங்கு மசாலா மட்டும் வேண்டவே வேண்டாம், முதலில் நூல் விடுவது அதுதான்.

கேள்வி: நாங்கள் அசைவம். பிக்னிக் என்றால் பிரியாணியை விட்டால் வேறு இல்லையா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: திண்டுக்கல்லில் இருந்துகொண்டு பிரியாணி வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. கொண்டு போங்கள், ஆனால் ஆவி பறக்க ஹாட்பேக்கில் வைத்து, போய் இறங்கியதும் முதல் வேலையாகச் சாப்பிட்டு முடியுங்கள். குளித்துவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் கூடாது. மற்றபடி, ஓடு உரிக்காத அவித்த முட்டை, ஒரு பொட்டலம் மிளகு உப்பு. நல்லெண்ணெயில் சுருளச் சுருள வதக்கின கோழிச் சுக்கா, தேங்காய் இல்லாமல், எலும்பு இல்லாமல், அதுவும் சூடாக ஹாட்பேக்கில்தான். கருவாட்டுத் தொக்கு அருமையான பயணச் சாப்பாடு, ஏசி பஸ்ஸில் மட்டும் திறக்காதீர்கள், கூட வருகிறவர்கள் பேசாமல் போய்விடுவார்கள்.

கேள்வி: எதில் கட்டுவது? முன்பு பிளாஸ்டிக் தாளில் சுருட்டினோம். (மதுரை வாசகி)

பதில்: உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை. செய்தித்தாளும் வேண்டாம். அச்சு மை எண்ணெயில் ஊறி உணவில் இறங்குகிறது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எச்சரித்தது, ஆனாலும் பஜ்ஜி இன்னும் அதில்தான் வருகிறது. அலுமினியத் தாளில் புளி, எலுமிச்சை சாதங்களைச் சுற்றாதீர்கள், புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். எவர்சில்வர் டப்பா, இல்லையென்றால் வாழையிலை. தைத்த மந்தாரை இலை உங்கள் ஊரில் பூஜைச் சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அதில் கட்டின சாதத்துக்கு ஒரு தனி வாசனை உண்டு.

கேள்வி: கொல்லிமலைக்குப் பிள்ளைகளோடு காரில் போகிறோம். என்ன எடுத்துப் போகலாம்? (சேலம் வாசகி)

பதில்: எழுபது கொண்டை ஊசி வளைவு. ஏறுவதற்கு முன்னால் எண்ணெய்ப் பலகாரம் எதுவும் கொடுக்காதீர்கள், இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள், வாயில் அடக்க உப்பு நார்த்தங்காய்த் துண்டு. மேலே போய்ச் சாப்பிடுவதற்குப் புளியோதரையும் வடகமும் போதும், குரங்குக்குத் தெரியாமல் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை. பையைத் திறந்து காரின் மேல் வைத்துவிட்டுப் போட்டோ எடுக்கப் போகாதீர்கள்.

கேள்வி: பயணத்துக்கு நீர்மோர் கொண்டு போகலாமா?

பதில்: போகலாம், பாட்டிலைக் கழுத்து வரை நிரப்பாமல் போகலாம். வெயிலில் மோர் புளித்துப் பொங்கும். நான் நிரப்பிக் கொண்டுபோன பாட்டில் விழுப்புரம் தாண்டியதும் பஸ்ஸில் டப்பென்று மூடியைத் தள்ளிக்கொண்டு வந்தது, முன் சீட்டில் உட்கார்ந்திருந்த பெரியவருடைய வெள்ளைச் சட்டையில் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும். அவர் நல்ல மனுஷர், மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்றுதான் கேட்டார்.