ஆய்வகச் சாவி யார் கையில்?

கேள்வி: மெக்கானிக்கல் பி.இ. முடித்திருக்கிறேன். இஸ்ரோ ராக்கெட் இன்ஜின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி மலையைப் பார்த்தே வளர்ந்தவன். ஏரோஸ்பேஸில் (விமான, விண்வெளிப் பொறியியல்) முதுகலை படிக்க ஆசை. கணக்கைவிட எனக்குக் கைவேலை நன்றாக வரும். ‘செய்முறை சார்ந்தது’ என்று சொல்லும் படிப்புகளை நம்பிச் சேரலாமா? ஜெர்மனிக்குப் போகச் சொல்கிறார் அத்தான்.
– ஒரு வாசகர், பணகுடி

பதில்: சேரலாம் தம்பி. ஆனால் கணக்குக்குப் பயந்து போகிறீர்கள் என்றால், அங்கேயும் அது வாசலிலேயே உட்கார்ந்திருக்கும்.

நான் வாத்தியாராக இருந்த கல்லூரியில் ஒரு சின்னக் காற்றுச் சுரங்கம் உண்டு, விசிறியால் காற்றை ஓடவிட்டுச் சோதனை செய்யும் குழாய் அறை. ஒரு சித்திரை மாத மத்தியானம். காற்றின் வேகம் நொடிக்கு 30 மீட்டர் என்று அனிமோமீட்டர் காட்டுகிறது. கணக்குப்படி, எதிரே வரும் காற்றின் அழுத்தத்தை வாங்கும் பிட்டோ குழாயோடு சேர்ந்த மானோமீட்டரில் (அழுத்தமானியில்) தண்ணீர் 56 மில்லிமீட்டர் ஏற வேண்டும். ஏறியது 52. பையன்கள் குழாயைக் கழற்றி மாட்டினார்கள், ஓட்டை தேடினார்கள், சோப்புத் தண்ணீர்கூடத் தடவிப் பார்த்தார்கள். கடைசியில் ஆய்வக உதவியாளர் அண்ணாச்சி சுவரில் தொங்கிய தெர்மாமீட்டரைக் காட்டி, “ஏலே, இதப் பாத்தியளா?” என்றார். 38 டிகிரி. காற்றின் அடர்த்தி கனமீட்டருக்கு 1.225 கிலோ என்று புத்தகத்தில் இருப்பது 15 டிகிரிக்கு. நம்ம நெல்லையில் 15 டிகிரி எந்த மாசத்தில் வரும்? 38 டிகிரியில் அது 1.135 ஆகிவிடும். அதைப் போட்டதும் சரியாக 52 வந்தது. சூத்திரம் பையன்களுக்குத் தெரியும், வெக்கை அண்ணாச்சிக்குத் தெரியும். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கச் செய்வதுதான் நல்ல செய்முறைப் படிப்பு.

அத்தான் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஜெர்மனியில் வழக்கமான பல்கலைக்கழகங்கள் தவிர, ஃபாக்ஹோக்‌ஷூலே என்று தொழில் சார்ந்த உயர்கல்வி நிலையங்கள் உண்டு. ஆகென் நகரத்து நிலையத்தில் ஏரோஸ்பேஸ் முதுகலையே இருக்கிறது. இங்கெல்லாம் பேராசிரியர் ஆக வேண்டுமென்றால் சில வருஷமாவது வெளியே தொழிலில் வேலை பார்த்திருக்க வேண்டும். முதுகலை ஆய்வை ஒரு நிறுவனத்திலேயே செய்வதும் சகஜம். அரசு நிலையங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மவர்களுக்கு அரையாண்டுக்கு 1,500 யூரோ. ஆனால் விசாவுக்கு முன் ஒரு வருஷச் செலவுக்கு முடக்கக் கணக்கில் (மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) 11,904 யூரோ காட்ட வேண்டும், நம் பட்டம் சரியானதுதான் என்று உறுதி செய்யும் ஏ.பி.எஸ். சான்றிதழும் வாங்க வேண்டும். வாழைத்தோப்பை அடகு வைக்கும் முன் இதையும் கூட்டிப் பாருங்கள். பாடம் ஆங்கிலத்தில் இருந்தாலும் பட்டறை பேசுவது ஜெர்மன்.

இங்கேயே படிப்பதென்றால் குரோம்பேட்டை எம்.ஐ.டி. இருக்கிறது, நாகர்கோவில் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் வலியமலையில் ஐ.ஐ.எஸ்.டி. என்ற விண்வெளிக் கல்வி நிலையம் இருக்கிறது. கேட் தேர்வு மதிப்பெண்ணோடு எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வரும். வீட்டில் கை ஏந்த வேண்டாம்.

எங்கே சேர்ந்தாலும் விளம்பரத்துப் படங்களை நம்பாதீர்கள். அங்கே படிக்கிற ஒரு சீனியரிடம் இரண்டே கேள்வி: ஆய்வகச் சாவி யார் கையில்? போன மாசம் எத்தனை நாள் இயந்திரம் ஓடியது? கண்ணாடிப் பெட்டிக்குள் ஜெட் இன்ஜினை வைத்துப் பூட்டி, ஆயுதபூஜைக்கு மட்டும் பொட்டு வைக்கிற இடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: இஸ்ரோவில் விஞ்ஞானியாகச் சேர எம்.டெக். கட்டாயம் வேண்டுமா? மகனுக்குக் கல்யாண வயசும் ஆகிறது.
– ஒரு தாயார், பாளையங்கோட்டை

பதில்: கட்டாயமில்லை அம்மா. ‘எஸ்சி’ நிலை (இது சாதிப் பிரிவு இல்லை, பதவி நிலையின் பெயர்) விஞ்ஞானி வேலைக்கு பி.இ.யில் 65 சதவீதமோ 6.84 சி.ஜி.பி.ஏ.வோ இருந்தால் விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வு, நேர்காணல் உண்டு. கல்யாணத் தேதிக்கு என்னைக் கேட்காதீர்கள், ஜோசியரைக் கேளுங்கள்.