கூட்டுக்குள் அடைபட்ட காற்று – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நான் தொண்டியில் வசிக்கிறேன். மின்னணுவியலில் டிப்ளமா முடித்துவிட்டு, இப்போது ஒரு செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். இயர்போனை நீங்களே செய்து பயன்படுத்துவதாக எழுதியிருந்ததைப் படித்த பிறகு, ஒலி எழுப்பும் பகுதியான 10 மி.மீ. டிரைவர் ஒரு ஜோடி வரவழைத்து, எங்கள் ஊர்க் கடைசல் பட்டறையில் பனை வைரத்தைக் கடைந்து கூடு செய்து, நானே ஈயம் வைத்து இணைத்தேன். பாட்டு கேட்கிறது. ஆனால் பாடுபவரின் குரல் நடுவில் நிற்காமல், எங்கோ விலகிப் பரவி வருகிறது. மிருதங்கத்தின் தொப்பி ஒலியை, அதாவது இடப்பக்கத்தின் கனத்த ஒலியை, அடியோடு காணோம். பேருந்து நிலையத்தில் விற்கும் 200 ரூபாய் இயர்போனே மேல் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கடலுக்குப் போகும் அப்பா, "விலைக்குக் கிடைக்கிற பொருளை எதற்காக உட்கார்ந்து செய்கிறாய்?" என்று கேட்கிறார். 2,000 ரூபாயில் உயர்ந்த டிரைவர் ஒன்று கிடைக்கிறது. அதை வாங்கிப் போட்டால் சரியாகுமா? இந்த வேலையைத் தொடரலாமா?

– தொண்டியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

புதிய டிரைவர் வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு குறைகளும் டிரைவரின் விலையால் வந்தவை அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று கம்பியில் இருக்கிறது, மற்றொன்று காற்றில் இருக்கிறது.

முதலில் கம்பியைப் பார்ப்போம். டிரைவர் என்பது ஒரு காந்தம், அதன் இடுக்கில் நிற்கும் மெல்லிய செப்புச் சுருள், அந்தச் சுருளோடு ஒட்டிய சவ்வு, இவ்வளவுதான். மின்னோட்டம் ஒரு திசையில் பாய்ந்தால் சவ்வு காதை நோக்கி வரும். திசை மாறினால் பின்வாங்கும். இடது பக்கச் சவ்வு முன்னால் வரும் அதே கணத்தில் வலது பக்கச் சவ்வு பின்னால் போகுமாறு ஒரு பக்கத்தில் மட்டும் கம்பிகளை மாற்றி இணைத்துவிட்டால், நீங்கள் வர்ணித்திருக்கும் அதே குறைதான் வரும். இரண்டு ஸ்பீக்கர்களை இப்படி இணைத்தால் அறைக் காற்றிலேயே அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இயர்போனில் இரண்டு ஒலிகளும் காற்றில் சந்திப்பதே இல்லை. கேட்பவரின் மூளையில்தான் சந்திக்கின்றன. அதனால் ஒலி அழிவதில்லை, ஆனால் நடுவில் நிற்க வேண்டிய குரல் தன் இடத்தை இழந்து தலையைச் சுற்றிப் பரவிவிடுகிறது, கனத்துத் தாழ்ந்த அடி ஒலியும் பிடிப்பில்லாததுபோலத் தோன்றுகிறது.

கம்பியின் நிறத்தை நம்பாதீர்கள். ஒரே நிறத்துக்கு ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு பொருள் வைத்திருக்கிறார்கள். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று அறிய, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஜாக்கிலும் மறுமுனையைக் கம்பியின் நுனியிலும் வைத்துப் பாருங்கள். மூன்று பட்டை கொண்ட 3.5 மி.மீ. ஜாக்கில் நுனி இடது, நடுப்பட்டை வலது, அடிப்பட்டை இரண்டுக்கும் பொது. பிறகு ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றி, ஒற்றைக் குரல் மட்டும் பாடும் ஒரு பதிவைக் கேளுங்கள். குரல் இரு புருவங்களுக்கு நடுவே வந்து நின்றுவிட்டால் முதல் குறை தீர்ந்தது.

தொப்பி ஒலி காணாமல் போனதற்குக் காரணம் வேறு. காதுக்குள் செருகும் இயர்போன் தனக்கு முன்னால் அடைத்துக்கொள்ளும் காற்று 2 கன செ.மீ.க்கும் குறைவுதான். 10 மி.மீ. சவ்வால் பெரிய காற்றை அசைக்க முடியாது, ஆனால் அடைபட்ட இந்தச் சிறு காற்றை அமுக்கி விரித்து மிருதங்கத்தின் அடி ஒலியைச் செவிப்பறையில் உணர்த்திவிட முடியும். அடைப்பில் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி இருந்தாலும், மெதுவாக அசையும் அடி ஒலியின் அழுத்தம் அதன் வழியே கசிந்துவிடும். வேகமாக அசையும் மேல் ஒலிகள் மட்டும் மிஞ்சும். எனவே இயர்போனைக் காதில் வைத்துக்கொண்டு விரலால் சற்றே உள்ளே அழுத்துங்கள். தொப்பி ஒலி உடனே திரும்பி வந்தால் சிலிக்கோன் முனை உங்கள் காதுக்குப் பொருந்தவில்லை என்று பொருள். அடுத்த அளவு முனையைப் போட்டால் போதும். இடக்காதுக்கும் வலக்காதுக்கும் வேறு வேறு அளவு தேவைப்படுவதும் உண்டு.

அழுத்தியும் வரவில்லை என்றால், என் சந்தேகம் பனை வைரத்தின் மேல்தான். பனை, தேக்கைப்போல வளையம் வளையமாக வளர்கிற மரம் அல்ல. கறுத்த நார்க் கற்றைகளும் அவற்றுக்கிடையே மென்மையான சோறும் சேர்ந்ததே அதன் உடல். வைரம் எவ்வளவு முற்றியிருந்தாலும், குறுக்கே அறுத்த முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நார்களின் ஓரத்தில் பொடிப் பொடியான துளைகள் தெரியும். கூட்டின் முன்பகுதியில், அதாவது டிரைவருக்கும் காதுக்கும் நடுவே, அப்படி ஒரு துளை அமைந்துவிட்டால் முனை எவ்வளவு பொருந்தியும் பயன் இல்லை. இதைக் கண்டுபிடிக்கச் சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் பார்க்கும் வழியே போதும். டிரைவரைக் கழற்றிவிட்டு, கூட்டின் அகன்ற வாயில் ஒரு ரப்பர் குழாயைக் காற்றுப் போகாமல் பொருத்தி, காதுப் பக்கத் துளையை விரலால் அடைத்து, தண்ணீரில் அமிழ்த்தி ஊதுங்கள். குமிழி எங்கே எழுகிறதோ அங்கே கசிவு. நன்றாகக் காயவைத்த பிறகு, தச்சர்கள் பூசும் அரக்குப் பாலிஷை உட்புறம் மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை கொடுங்கள். வெளிப்புறத்தை எல்லோரும் பளபளப்பாக்குகிறார்கள். ஒலிக்கு வேண்டியது உட்புறப் பூச்சு.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முதல் இரண்டு ஆண்டுகள் நானும் டிரைவர்களையே மாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கீழக்கரையில் சங்கு அறுக்கும் ஒரு பட்டறையில், கைக்கு அடக்கமான சிறிய சங்கையும் முழம் நீளமுள்ள பெரிய சங்கையும் மாற்றி மாற்றிக் காதில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் கேட்டது அந்தப் பட்டறையின் இரைச்சல்தான். கடல் எந்தச் சங்குக்குள்ளும் இல்லை. ஆனால் சிறிய சங்கு அந்த இரைச்சலின் மெலிந்த பகுதியைத் தேர்ந்து தந்தது, பெரியது கனத்த பகுதியைத் தந்தது. பெரிய சங்கின் வாயை உள்ளங்கையால் பாதி மூடியபோது ஒலி இன்னும் கீழே இறங்கியது. குடம் நிரம்ப நிரம்ப ஒலி உயர்வதைக் கேட்டே நம் வீட்டுப் பெண்கள் குழாயை மூடுகிறார்கள் அல்லவா? எஞ்சியிருக்கும் காற்றின் அளவும் வாயின் அளவும் சேர்ந்து எந்த ஒலி தூக்கலாக வரும் என்பதை முடிவு செய்கின்றன. அன்று வீட்டுக்கு வந்து, ஓரத்தில் போட்டுவைத்திருந்த பழைய, மலிவான டிரைவர்களையே எடுத்துக் கூட்டை மட்டும் மாற்றத் தொடங்கினேன். இன்று நான் தினமும் கேட்பது அவற்றில் ஒரு ஜோடியைத்தான்.

நம் காதுக்குழாயும் ஒரு சிறு குடம். ஏறத்தாழ 25 மி.மீ. நீளமுள்ள, ஒரு முனை அடைபட்ட அந்தக் குழாய் 3000 ஹெர்ட்ஸ் அருகில் உள்ள ஒலிகளை இயல்பாகவே தூக்கிக் கொடுக்கிறது. பிறந்தது முதல் நாம் கேட்ட குரல்கள் எல்லாம் அப்படித் தூக்கப்பட்டவையே. இயர்போனைச் செருகியதும் வாய் அடைபட்டு அந்தத் தூக்கல் போய்விடுகிறது. அதை இயர்போனே திருப்பித் தர வேண்டும். தராவிட்டால் பாடகர் போர்வைக்குள் இருந்து பாடுவதுபோல இருக்கும். காதுப் பக்கக் குழலின் நீளம், அகலம், அதில் வைக்கும் பஞ்சின் அடர்த்தி ஆகியவற்றால் இதைச் சீர்செய்யலாம்.

அடி ஒலியின் அளவைக் கூட்டின் பின்புறக் காற்றுத்துளையால் சீர்செய்யலாம். துளையே இல்லாவிட்டால் பின்னால் அடைபட்ட காற்று ஒரு சுருள்வில்லைப்போல நின்று சவ்வை எளிதில் அசையவிடாது. 1 மி.மீ. துளை ஒன்று போட்டு, அதன்மேல் மருந்துக்கடையில் கிடைக்கும் காகித மைக்ரோபோர் டேப்பை ஒட்டுங்கள். ஒரு மடிப்புக்கும் இரண்டு மடிப்புக்கும் உள்ள வேறுபாட்டை நீங்களே கேட்டறிவீர்கள். காதில் செருகும்போது சருகு மிதிபடுவதுபோல ஓர் ஒலி எழுந்தால், உள்ளே அமுங்கிய காற்று சவ்வை நெளியவைக்கிறது என்று அறிந்து, முன்பகுதியிலும் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளையிட வேண்டும். கசிவு வேண்டாம் என்று இப்போதுதான் சொன்னேன். ஆனால் தெரியாமல் அமைந்த கசிவு வேறு, அளந்து, டேப்பால் கட்டுப்படுத்தி வைத்த துளை வேறு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள்.

இனி உப்பு. நான் இருப்பது பாம்பனில். ரயில் பாலத்தின் இரும்பையே தின்கிற காற்று தலைமுடியை விட மெல்லிய செம்பை விட்டுவைக்குமா? ஒரு வாடைக் காலத்தில் மிகுந்த கவனத்தோடு செய்த ஒரு ஜோடியில், மூன்றே மாதத்தில் வலது பக்கம் ஊமையானது. திறந்து பார்த்தபோது ஈயம் வெள்ளியாகவே இருந்தது, அதன் விளிம்பில் கம்பி நுழையும் இடத்தில் மட்டும் பாசிபோல ஒரு பச்சைப் பொட்டு. ஊசியால் தொட்டதும் கம்பி தூளாக உதிர்ந்தது. ஈயம் பிடிப்பதற்காகத் தடவும் ஃப்ளக்ஸில் அமிலம் கலந்த வகையைப் பயன்படுத்திவிட்டு அதைத் துடைக்காமல் மூடியிருந்தேன். நீங்கள் ரோசின் ஃப்ளக்ஸ் மட்டும் பயன்படுத்துங்கள்; வேலை முடிந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் இணைப்பைத் துடைத்து, ஒரு சொட்டு எப்பாக்ஸி வைத்து மூடுங்கள். துடைக்கும்போது சவ்வில் ஒரு துளியும் படக்கூடாது. இயர்போன் கம்பியின் ஒவ்வோர் இழையிலும் எனாமல் பூச்சு இருப்பதால், சூடான சால்டரிங் முனையில் ஈயத் துளியை உருட்டி அதற்குள் இழைகளை வைத்து, பூச்சு புகைந்து எரிந்து, இழைகள் வெள்ளியாகும் வரை பொறுத்து, அதற்குப் பிறகே டிரைவரில் இணைக்க வேண்டும். டிரைவரில் முனை இரண்டு நொடிக்கு மேல் நிற்கக் கூடாது. அருகே கொண்டுபோகும்போது காந்தம் சால்டரிங் முனையையே வெடுக்கென்று இழுக்கும். மணிக்கட்டை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். மேசையில் வெள்ளைத் தாள் விரித்திருப்பதும் அவசியம். நம் கடற்கரை மணலில் காந்தத்தில் ஒட்டும் கருமணல் துகள் உண்டு. அதில் ஒன்று சவ்வில் போய் ஒட்டினால் அந்த டிரைவர் பிறகு கரகரத்துக்கொண்டே இருக்கும்.

கையால் செய்த இயர்போன் எவ்வளவு சத்தம் தரும் என்று எந்த அட்டைப்பெட்டியிலும் எழுதியிருக்காது. ஆகவே எப்போதும் மிகக் குறைந்த ஒலியிலிருந்து தொடங்குங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம். 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறையும். படகு எஞ்சின் ஓடும் இடத்தில் இதைக் காதில் வைக்காதீர்கள். அந்த இரைச்சலை மீறிக் கேட்க முயன்று, அளவை எங்கே கொண்டுபோகிறோம் என்பதே தெரியாமல் போய்விடும்.

அப்பாவின் கேள்வி நியாயமானது. பணம் மிச்சமாகும் என்று அவரிடம் சொல்லாதீர்கள்; முதல் சில ஜோடிகளுக்கு ஆகும் செலவில் கடையில் நல்ல இயர்போனே வாங்கிவிடலாம். 1910-இல் அமெரிக்காவின் யூட்டாவில் நத்தேனியல் பால்ட்வின் என்பவர் தன் வீட்டுச் சமையலறையில் செய்த காதொலிக் கருவியை அந்நாட்டுக் கடற்படை வாங்கியது. ஆனால் உங்கள் அப்பாவுக்கு அமெரிக்காவை எடுத்துக்காட்ட வேண்டியதில்லை. வலையும் விலைக்குக் கிடைக்கிறது. ஆயினும் எந்த மீனுக்கு எந்தக் கண் அளவு, எவ்வளவு ஈயக்குண்டு, எவ்வளவு மிதவை என்பதை அவர் கடையில் விட்டுவிடுவதில்லை. நீங்கள் கூட்டிலும் துளையிலும் செய்துகொண்டிருப்பது அதே வேலைதான். ஆம், தொடருங்கள்.

ஒரு உதவியையும் அவரிடம் கேளுங்கள். எஞ்சினின் ஒலி மாறியதைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லும் காது கடலுக்குப் போகிறவர்களிடம் இருக்கிறது. கம்பியை மாற்றி, கசிவை அடைத்த பிறகு, பின்துளையில் ஒரு மடிப்பு டேப்போடு ஒரு முறை, இரண்டு மடிப்போடு ஒரு முறை, ஒரே பாட்டை, ஒரே ஒலி அளவில் அவரைக் கேட்கச் செய்யுங்கள். எது எந்த மடிப்பு என்று முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். அவர் சொல்லும் சொற்களை, திருத்தாமல், நோட்டில் எழுதி எனக்கும் அனுப்புங்கள்.