விலைப்பட்டியலும் வாழையிலையும்: வாசகர் கேள்வி – பதில்

உணவகங்களைப் பற்றி வந்த கடிதங்களுள் ஆறு இங்கே இடம்பெறுகின்றன. ஒரே பொருளைச் சுற்றி வந்தவை என்பதால் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறோம்.

மகனுக்கு வேலை கிடைத்த மகிழ்ச்சியில் நாங்கள் நால்வரும் கோவையில் ஒரு நட்சத்திர ஓட்டலுக்குச் சாப்பிடப் போனோம். எட்டு வகை வந்தது. ஒவ்வொன்றும் ஒரு வாய்தான். பில் 14,000 ரூபாயைத் தாண்டியது. வீட்டுக்கு வந்து அரிசியும் பருப்பும் ஆக்கித்தான் பசியாறினோம். எங்களுக்குச் சாப்பிடத் தெரியவில்லையா, அவர்களுக்குப் போடத் தெரியவில்லையா?
– ஒரு வாசகி, திருப்பூர்

உங்களுக்குச் சாப்பிடத் தெரியாமல் இல்லை. அவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்றும் சொல்லிவிட முடியாது; நீங்கள் எதற்குப் பணம் கொடுக்கிறீர்கள் என்பதை அவர்கள் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஓட்டல் தொழிலில் இருப்பவர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கின்படி, ஒரு பதார்த்தத்தின் விலையில் அரிசி, காய், கறி, எண்ணெய் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வரும். மீதியெல்லாம் இடத்துக்கும், குளிர்சாதனத்துக்கும், ஆளுக்கும், மங்கிய விளக்குக்கும், நாற்காலியை இழுத்துவிடும் மரியாதைக்கும் போகிறது. இவற்றை விரும்புகிறவர் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அந்த மரியாதையால் ரசத்தின் ருசி கூடிவிடும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமே மிஞ்சும்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. உங்கள் ஊரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே இருக்கும் மெஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிங் மாஸ்டரும், செக்கிங் பெண்களும், லாரி ஓட்டுநரும் அங்கே தினமும் சாப்பிடுகிறவர்கள். செவ்வாய்க்கிழமை சாம்பாரில் புளி தூக்கலாக இருந்தால் புதன்கிழமை கல்லாவில் அது தெரிந்துவிடும். நட்சத்திர உணவகத்துக்கு வருகிறவரோ பிறந்தநாளுக்கோ கல்யாண நாளுக்கோ ஆண்டுக்கு ஒருமுறை வருகிறார். சென்ற ஆண்டுச் சுவையோடு ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு வழியில்லை. இத்தனை ரூபாய் கொடுத்துவிட்டோமே என்ற எண்ணத்தில் நன்றாகத்தான் இருந்தது என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளவும் செய்கிறார். தினம் வந்து குறை சொல்ல ஆளில்லாத அடுப்படியில் கைப்பக்குவம் எப்படி நிலைக்கும்?

சரக்கு தீரும் வேகத்தையும் பாருங்கள். நூறு பதார்த்தங்கள் அச்சிட்ட விலைப்பட்டியலை எந்தச் சமையலறையும் அன்றன்று புதிதாக ஆக்கித் தந்துவிட முடியாது. ஏதோ சில மசாலாக் குழம்புகளை முன்கூட்டியே ஆக்கிக் குளிர்பெட்டியில் வைத்திருந்து, கேட்டவுடன் கலந்து கொடுப்பதுதான் வழி. ஒரு குழம்பு, ஒரு பொரியல், ஒரு கூட்டு, ரசம், மோர் என்று நிறுத்திக்கொள்ளும் மெஸ்ஸில் காலையில் வாங்கிய காய் மதியம் இலையில் முடிந்துவிடுகிறது. இரண்டரை மணிக்குப் போனால் "தீர்ந்துபோச்சுங்க" என்று கையை விரிக்கும் கடையை நம்பி மறுநாள் பன்னிரண்டரைக்கே போகலாம்.

பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று பத்து சதவீதம் போடுகிறார்கள். கட்டித்தான் ஆக வேண்டுமா?
– ஒரு வாசகர், கோபிச்செட்டிபாளையம்

வேண்டியதில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஓட்டல் சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கின்றன. எடுத்துவிடச் சொல்லுங்கள், மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடலாம். ஜிஎஸ்டி வேறு: சாதாரண உணவகத்துக்கு 5 சதவீதம், அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் ஓட்டல்களின் உணவகத்துக்கு 18 சதவீதம். விற்பனையில் ஒரு சிறு பங்கைத் தாமே வரியாகக் கட்டிவிடும் தொகுப்பு வரித் திட்டத்தில் (காம்போசிஷன்) இருக்கும் சிறு கடைக்காரர் உங்களிடம் ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது. இன்னொன்று: உட்கார்ந்தவுடன் எந்தத் தண்ணீர் என்று கேட்டுப் புட்டியைத் திறந்துவிடுவார்கள். உணவகம் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்துவிட்டதால் அதில் வாதாடிப் பயனில்லை. சாதாரணத் தண்ணீர் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நல்லது. சிறுவாணித் தண்ணீருக்குப் பேர்போன கோவையில் புட்டித் தண்ணீருக்கு முந்நூறு ரூபாய் கொடுப்பதை என்னென்று சொல்வது!

'கொங்குநாட்டுச் சமையல்' என்று பலகை வைத்த குளிர்சாதன உணவகங்கள் நெடுஞ்சாலை முழுக்க வந்துவிட்டன. ஒன்றில் பள்ளிபாளையம் சிக்கன் கேட்டேன். குடைமிளகாயும் சிவப்புச் சாயமுமாக வந்தது. உண்மையானது எப்படி இருக்கும், எங்கே கிடைக்கும்?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

பள்ளிபாளையம் ஈரோட்டுக்கு எதிரே, காவிரியின் அக்கரையில் நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. அந்தக் கறியின் சிறப்பே அதில் போடாமல் விட்ட பொருள்களில்தான் இருக்கிறது: தக்காளி கிடையாது, மல்லித்தூள் கிடையாது, கரம் மசாலா கிடையாது. எண்ணெய் காய்ந்ததும் விதை நீக்கிக் கிள்ளிய வரமிளகாய், அதன்மேல் கை நிறையச் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, பிறகு சிறு துண்டாக வெட்டிய கோழி, மஞ்சள், உப்பு. தண்ணீரை அவ்வப்போது தெளித்துத்தான் வேகவிடுவார்கள். கடைசியில் பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய் விழுந்து, கறியும் வெங்காயமும் சட்டியில் ஒட்டிச் சுருள வேண்டும். இலையில் வைத்தால் குழம்பு ஓடக்கூடாது; எண்ணெய் மட்டும் மெல்லக் கசிய வேண்டும். இந்தப் பண்டத்துக்குச் சாயம் எதற்கு? காரம் குறைந்தால் கண்டுபிடிப்பார்கள் என்ற பயம் இல்லாத இடத்தில்தான் சாயம் வேண்டியிருக்கும்.

பச்சைப்புளி ரசமும் இப்படித்தான். புளியைக் கரைத்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், சீரகம், கொத்தமல்லித் தழையைக் கையால் நசுக்கிப் போட்டு அடுப்பில் ஏற்றாமலே ஊற்றுவது அது. பந்தி தொடங்குவதற்குச் சற்று முன்பு கரைத்தால்தான் வெங்காயத்தின் பச்சை மணம் நிற்கும். அதைச் சூடாக்கி, சிறு கண்ணாடிக் கோப்பையில் புதினா இலை செருகிக் கொண்டுவந்து வைத்த ஒரு பெரிய இடத்தை எனக்குத் தெரியும். பரிமாறியவர் அதன் வரலாற்றை இரண்டு நிமிடம் சொன்னார். நான் அந்த நேரத்தில் இன்னொரு கரண்டி சோறு கேட்டிருக்கலாம்.

எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்குக் கடைப்பெயர் சொல்வதைவிட அடையாளம் சொல்வது பயன்படும். பெருந்துறை, பவானி, குமாரபாளையம், காங்கயம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கே வாசலில் இருசக்கர வண்டிகள் சேர்ந்துவிடும் வீட்டுமுறை மெஸ்களைப் பாருங்கள். கணவன் கல்லாவிலும் மனைவி அடுப்படியிலும் இருந்தால், குடல் குழம்பும் இரத்தப் பொரியலும் சொல்லிவைத்தால்தான் கிடைக்கும் என்றால், சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். சைவத்தில் கொள்ளுப் பருப்பும் தட்டப்பயிறு கத்தரிக்காய்க் குழம்பும் கேட்டுப் பாருங்கள். "அது இன்னிக்கு இல்லைங்க, வியாழக்கிழமை வாங்க" என்று பதில் வந்தால் வியாழக்கிழமை போய்விடுங்கள்.

மகள் வேலைக்காகத் தில்லி, பெங்களூர், கொல்கத்தா என்று போகப்போகிறாள். சக ஊழியர்கள் பெரிய உணவகங்களாகச் சொல்கிறார்களாம். மாற்று உண்டா?
– ஒரு வாசகி, ஈரோடு

நிறைய உண்டு. தில்லியில் மாநில அரசுகளின் விருந்தினர் மாளிகைகளில் உள்ள கேன்டீன்கள் பலவற்றில் பொதுமக்களும் சாப்பிடலாம். அசோகா சாலையில் ஆந்திர பவன் சாப்பாட்டுக்கு மதியத்தில் கூட்டம் நெரியும். பருப்புப் பொடியும் நெய்யும் சோறும் கேட்கக் கேட்கப் போடுவார்கள், நம் நாக்குக்கு அந்நியமாகத் தெரியாது. பெங்களூரில் 1924இல் தொடங்கிய எம்டிஆரும் காந்தி பஜாரின் வித்யார்த்தி பவனும் பெயர்பெற்றவை. ஆனால் தினசரிக்கு நின்றுகொண்டே சாப்பிடும் 'தர்ஷினி' கடைகள் போதும். மும்பை மாட்டுங்காவில் ரயில் நிலையத்தை ஒட்டிய ராம நாயக்கின் உடுப்பி சாப்பாட்டு விடுதி இலை போட்டுப் பரிமாறுகிறது.

கொல்கத்தாவின் 'பைஸ் ஓட்டல்'கள் எனக்கு மிகவும் பிடித்தவை. ஒரு காலத்தில் பைசாக் கணக்கில் சாப்பாடு போட்டதால் வந்த பெயர். அன்றைய சந்தை மீனைப் பொறுத்துப் பலகையில் எழுதுவார்கள், பலகை தினமும் மாறும். சோறு, பருப்பு, மீன் எல்லாம் தனித்தனிக் கணக்கு; சில கடைகளில் வாழையிலைக்கும் எலுமிச்சைத் துண்டுக்கும்கூடத் தனியே காசு வாங்குவார்கள். முதலில் கஞ்சத்தனமாகத் தோன்றும். யோசித்துப் பார்த்தால் அதைவிட நேர்மையான பில் இல்லை. நாம் சாப்பிட்டதற்கு மட்டுமே காசு கொடுக்கிறோம்.

விலை குறைந்த கடைகளில் சுத்தம் எப்படி இருக்கும் என்ற பயம்தான் எங்களைப் பெரிய இடங்களுக்குத் துரத்துகிறது. தவறா?
– ஒரு வாசகர், கரூர்

பயம் நியாயமானது, விலையை அதற்கு அளவுகோலாக்குவதுதான் சரியில்லை. பெரிய இடத்தில் அடுப்படி நம் கண்ணுக்குப் படுவதில்லை. மெஸ்ஸில் கை கழுவப் போகும்போதே பார்த்துவிடலாம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் 14 இலக்க உரிம எண் பில்லில் இருக்க வேண்டும் என்பது 2022 முதல் விதி. அது இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர், சட்னி, பச்சை வெங்காயம் இம்மூன்றிலும் கவனமாக இருந்தால் போதும். கொதிக்கக் கொதிக்க வருவதற்கு அஞ்ச வேண்டாம். மாலை வேளைத் தள்ளுவண்டிக் காளான் மட்டும் எனக்குச் சந்தேகம்தான். அதில் காளானைவிட முட்டைக்கோஸே மிகுதி என்பது கோவையில் எல்லோருக்கும் தெரியும், தெரிந்தேதான் சாப்பிடுகிறோம்.

விலையும் சுத்தமும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பதற்குக் கோவை சிங்காநல்லூரில் உள்ள சாந்தி சோசியல் சர்வீசஸ் உணவகம் நல்ல சான்று. சாந்தி கியர்ஸ் நிறுவனர் சுப்பிரமணியம் லாப நோக்கமின்றித் தொடங்கியது; அவர் 2020இல் மறைந்த பிறகும் நடக்கிறது. அறக்கட்டளை நடத்தும் கடை என்பதால் அந்த விலையை மற்ற கடைக்காரரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் அத்தனை கூட்டத்திலும் மேசையைத் துடைத்துவைக்க முடிகிறது என்பதை அங்கே பார்க்கலாம்.

அப்படியானால் விலை உயர்ந்த உணவகம் எதுவுமே தேறாதா?
– ஒரு கல்லூரி மாணவர், கோவை

தேறும். வீட்டிலும் மெஸ்ஸிலும் செய்ய முடியாததைச் செய்கிற இடம் தன் விலைக்குத் தகுதியானதுதான். சென்னை ஐடிசி கிராண்ட் சோழாவில் உள்ள ஆவர்தனா உணவகத்தைப் போல, தென்னிந்தியச் சுவைகளைப் பிரித்து அடுக்கி வேறொன்றாக்கிக் காட்டும் சமையலறைகள் இருக்கின்றன. சமையலைத் தொழிலாகப் படிக்கிறவரோ அதில் ஆர்வமுள்ளவரோ ஒருமுறை சேமித்துப் போய்வரலாம். நல்ல ஜப்பானிய உணவுக்கும் அப்படித்தான், மீன் வரும் வழிக்கே செலவாகும். என் எரிச்சலெல்லாம் இட்லியை நான்காக வெட்டிக் கறுப்புத் தட்டில் வைத்து 650 ரூபாய் வாங்கும் இடங்கள்மீதுதான். அந்தத் தொகைக்குக் கோவை அன்னபூர்ணாவில் உங்கள் விடுதி அறை நண்பர்கள் சிலரோடு சாம்பார் இட்லி சாப்பிட்டு, காப்பியும் குடித்துவிட்டு வரலாம். சாம்பார் இன்னொரு கரண்டி கேட்டால் ஊற்றுவார்கள்.