பேஸ்பால் மேனேஜர் ஆக எம்பிஏ போதுமா? அரிசோனாவில் படிக்கும் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஊரில் கல்லூரி அணிக்கு கிரிக்கெட் ஆடியிருக்கிறீர்கள், எம்பிஏ கையில் இருக்கிறது, இப்போது டெம்பியில் டேட்டா அனலிடிக்ஸில் எம்எஸ் படிக்கிறீர்கள். மார்ச் மாதம் பக்கத்து மைதானங்களில் ஸ்பிரிங் டிரெயினிங் (பேஸ்பால் சீசனுக்கு முந்தைய பயிற்சி) ஆட்டங்களைப் பார்த்து ஆசை பிடித்துக்கொண்டது. "பேஸ்பால் மேனேஜர் வேலைக்கு எங்கே விண்ணப்பிப்பது, எம்பிஏ உதவுமா?" இதுதானே கேள்வி?

எம்பிஏ உதவாது. 'மேனேஜர்' என்ற சொல் இங்கே புதிதாக வருகிற நம்மவர்கள் எல்லோரையும் ஏமாற்றும். மற்ற ஆட்டங்களில் ஹெட் கோச் என்பவருக்குத்தான் பேஸ்பாலில் மேனேஜர் என்று பெயர். அறுபது வயதானாலும் ஆட்டக்காரர்கள் மாதிரியே யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு டக்அவுட்டில் (மைதான ஓரத்தில் அணி உட்காரும் இடம்) நிற்பார். யாரை வாங்குவது, யாரை விற்பது, யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பதெல்லாம் ஜெனரல் மேனேஜரின் வேலை. எம்பிஏக்காரர்களுக்கு இடம் அந்த அலுவலக மாடியில்தான், கீழே டக்அவுட்டில் அல்ல.

கிரிக்கெட் தெரிந்தவருக்கு ஒரு வித்தியாசத்தைச் சொன்னால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். கிரிக்கெட்டில் அடுத்த ஓவர் யாருக்கு என்பதைக் களத்தில் நிற்கும் கேப்டன் முடிவு செய்வார், கோச் பெவிலியனில் உட்கார்ந்திருப்பார். பேஸ்பாலில் அந்தக் கேப்டன் வேலை மேனேஜருடையது. அன்றைக்கு ஆடும் ஒன்பது பேர் யார், எந்த வரிசையில் அடிப்பார்கள், பிட்சரை (பந்து போடுபவரை) எப்போது மாற்றுவது, யாருக்குப் பதில் யார் அடிப்பது, எல்லாம் அவர் கையில். வெளியே எடுத்த ஆளை அந்த ஆட்டத்தில் திரும்ப உள்ளே அனுப்பவும் முடியாது.

பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கில் 30 அணிகள், ஆக 30 மேனேஜர் நாற்காலிகள். அதற்கு விளம்பரம் போட்டு விண்ணப்பம் வாங்குவதில்லை, கூப்பிட்டுத்தான் பேசுவார்கள். சம்பளம் எவ்வளவு வரை போகும் என்று கேட்டால் தலை சுற்றும்: 2023 நவம்பரில் கிரெய்க் கவுன்செல் சிகாகோ கப்ஸுக்கு வந்தபோது 5 ஆண்டுக்கு 4 கோடி டாலருக்கு மேல். அந்த எண்ணைப் பார்த்து யாரும் இந்த வழிக்கு வரக்கூடாது, ஏனென்றால் கீழே படிகள் நிறைய. ஒவ்வொரு மேஜர் லீக் அணிக்கும் சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று நான்கு மைனர் லீக் அணிகள், மொத்தம் 120. அதற்கும் கீழே அரிசோனாவிலும் ஃப்ளோரிடாவிலும் பயிற்சி வளாகங்களுக்குள்ளேயே நடக்கும் காம்ப்ளெக்ஸ் லீக், டொமினிகன் குடியரசில் ஒரு கோடை லீக். எல்லாவற்றுக்கும் மேனேஜர் உண்டு. பெரும்பாலானோர் ஏறி வருவது இந்த ஏணியில்தான். அட்லாண்டா பிரேவ்ஸின் பிரையன் ஸ்னிட்கர் 1977-இல் அந்த அமைப்புக்குள் ஆட்டக்காரராக வந்தார், 1982-இல் மைனர் லீக் மேனேஜர் ஆனார், மேஜர் லீக் மேனேஜர் ஆனது 2016-இல். 2021-இல் உலகத் தொடரை, அதாவது மேஜர் லீக் சாம்பியன் பட்டத்தை, வென்றார். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களில் கேட்சர்கள் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி அடிப்பவருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்கள்) மிக அதிகம். கேட்சர் ஒருவர்தான் மைதானம் முழுவதையும் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவர். எந்தப் பந்து போடுவது என்று பிட்சருக்குச் சைகை கொடுப்பார், அவருடைய மனநிலையையும் பார்த்துக்கொள்வார். அதனால் ஆடும்போதே பாதி மேனேஜர் ஆகிவிடுகிறார். 4 உலகத் தொடர்களை வென்ற புரூஸ் போச்சி கேட்சர். டாம்பா பே ரேஸின் கெவின் கேஷ் கேட்சர், அடித்த சராசரி வெறும் .183. நன்றாக அடிக்கத் தெரிவதற்கும் இந்த வேலைக்கும் பெரிய சம்பந்தமில்லை. ஜிம் லேலண்ட் மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர், மைனர் லீக் கேட்சர். 1997-இல் உலகத் தொடரை வென்று, கடைசியில் ஹால் ஆஃப் ஃபேமுக்கே போனார்.

தொழில்முறையாக ஆடாதவருக்கு வழியே இல்லையா என்றால், உண்டு, ஆனால் குறுகலானது. மைக் ஷில்ட் சம்பளத்துக்கு ஒரு ஆட்டமும் ஆடாதவர். பள்ளி, கல்லூரி அணிகளுக்குப் பயிற்சியாளர், பிறகு செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு ஆள் தேடும் ஸ்கவுட், 2009-இல் அவர்களுடைய மைனர் லீக் அணியான ஜான்சன் சிட்டிக்கு மேனேஜர், 2018-இல் கார்டினல்ஸுக்கே மேனேஜர். ரேச்சல் பால்கோவெக் கல்லூரியில் சாஃப்ட்பால் கேட்சர். உடற்பயிற்சிக் கோச்சாக உள்ளே நுழைந்தார், ஸ்பானிஷ் கற்றார், பேட்டிங் கோச் ஆனார், 2022-இல் நியூயார்க் யாங்கீஸின் சிங்கிள்-ஏ அணிக்கு மேனேஜர். மேஜர் லீக் அமைப்புக்குள் ஓர் அணிக்கு மேனேஜரான முதல் பெண் அவர். 2025 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ், டென்னசி பல்கலைக்கழகக் கோச் டோனி விட்டெல்லோவை நேராகவே கூட்டி வந்தது. தொழில்முறை அணி எதிலும் வேலை பார்க்காமல் கல்லூரியிலிருந்து நேரடியாக வந்தவர் அதற்கு முன் யாரும் இல்லை. எந்தக் கோச்சிங் அனுபவமும் இல்லாமல் யாங்கீஸுக்கு மேனேஜரான ஆரன் பூனைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். அவர் பல ஆண்டுகள் மேஜர் லீக்கில் ஆடியவர், அப்பாவும் தாத்தாவும் அங்கே ஆடியவர்கள். அந்த உதாரணம் நமக்கு ஆகாது.

சரி, கீழ்ப்படியில் அப்படி என்னதான் கற்கிறார்கள்? முக்கியமாக, களைப்பைக் கணக்குப் பார்க்க. மேஜர் லீக் அணியில் 26 பேர், அதில் பிட்சர்கள் அதிகபட்சம் 13. ஐந்து பேர் ஆட்டத்தைத் தொடங்குகிறவர்கள், மீதி எட்டுப் பேர் புல்பென்னில், அதாவது நடுவில் இறங்கும் பிட்சர்கள் காத்திருக்கும் இடத்தில். ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் தொடங்குகிறவர் ஐந்து தாங்கினால் மிச்சம் நான்கு. வாரத்துக்கு ஆறு ஆட்டம் என்றால் 24 இன்னிங்ஸ், எட்டுப் பேருக்குத் தலைக்கு மூன்று. காகிதத்தில் சுலபம். ஆனால் இன்று மூன்றே இன்னிங்ஸில் ஒருவர் அடிவாங்கி வெளியேறினால் நாளை, நாளை மறுநாள் இரண்டு நாள் கணக்கும் சேர்ந்து இடிந்துவிடும். ஒருவரை அடுத்தடுத்து இரண்டு நாள் போடவைத்தால் மூன்றாம் நாள் பெரும்பாலும் ஓய்வு தரவேண்டும். புதியவர்கள் தவறுவது இங்கேதான்: புல்பென்னில் ஒருவரை எழுப்பி, கையைச் சூடாக்க வைத்து, "வேண்டாம், உட்கார்" என்று சொல்லி, இரண்டு இன்னிங்ஸ் கழித்து மறுபடி எழுப்புவது. ஸ்கோர் அட்டையில் அது ஒரு பந்துகூட இல்லை, தோள்பட்டைக்கு மட்டும் கணக்கு உண்டு. ஜூலையில் அது தெரியவரும்.

விதிகளையும் கரைத்துக் குடித்திருக்க வேண்டும். 2020 முதல், உள்ளே வந்த பிட்சர் குறைந்தது மூன்று பேருக்காவது போடவேண்டும், அல்லது அந்த அரை இன்னிங்ஸ் முடியவேண்டும். ஒரே இன்னிங்ஸில் அதே பிட்சரைப் பார்க்க இரண்டாம் முறை மவுண்டுக்கு (பிட்சர் நிற்கும் மண்மேட்டுக்கு) போனால் அவரை மாற்றியே ஆகவேண்டும். 2010 ஜூலை 20, லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸின் மைதானம், எதிரணி ஜயண்ட்ஸ். டாட்ஜர்ஸ் மேனேஜரும் பெஞ்ச் கோச்சும் ஏற்கெனவே வெளியேற்றப்பட்டு, பேட்டிங் கோச் டான் மேட்டிங்லி பொறுப்பில் இருக்கிறார். ஒன்பதாவது இன்னிங்ஸ், 5-4 முன்னிலை, மூன்று பேஸிலும் எதிரணி ஆட்கள். மேட்டிங்லி மவுண்டுக்குப் போய்ப் பிட்சர் ஜோனதன் பிராக்ஸ்டனிடம் பேசிவிட்டுத் திரும்புகிறார். மண்மேட்டை விட்டுப் புல்லில் கால் வைத்தாயிற்று. முதல் பேஸில் ஃபீல்டிங் செய்யும் தன் அணி ஆட்டக்காரர் ஏதோ கேட்க, பதில் சொல்லத் திரும்பி ஓரடி வைக்கிறார். அவ்வளவுதான். எதிர் டக்அவுட்டில் இருந்த ஜயண்ட்ஸ் மேனேஜர் போச்சி அம்பயர்களிடம் போய், "இது இரண்டாவது வருகை" என்றார். பிராக்ஸ்டன் வெளியே. கை சூடாகாத ஜார்ஜ் ஷெரில் உள்ளே வந்தார், ஒரு டபுள் (இரண்டு பேஸ் ஓடும் அடி) விழுந்தது, ஜயண்ட்ஸ் 7-5 என்று ஜெயித்தது. ஓரடிக்கு ஓர் ஆட்டம்.

லைன்அப் கார்டும் அப்படித்தான். 2009-இல் டாம்பா பேயின் ஜோ மேடன் கொடுத்த கார்டில் மூன்றாவது பேஸுக்கு இரண்டு பெயர்கள் இருந்ததால், பேட்டிங்குக்கு மட்டும் இறங்கும் ஆளை அந்த அணி இழந்தது. பிட்சரே மூன்றாவதாக இறங்கி அடிக்க வேண்டியதாயிற்று. (அந்தப் பிட்சர் ஒரு டபுள் அடித்து, அணியும் ஜெயித்தது வேறு கதை.)

மைனர் லீக்கில் இன்னொரு வினோதம், ஜெயிப்பது முதல் வேலை அல்ல. இந்தப் பையன் 75 பந்துக்கு மேல் போடக்கூடாது, அந்தக் கேட்சர் வாரத்தில் நான்கு நாள் ஆடவேண்டும் என்று மேலிருந்து அட்டவணை வரும். அதற்குள் நின்று ஆட்டத்தை நடத்தவேண்டும், முடிந்ததும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அறிக்கை எழுதவேண்டும். செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே ஊரில் ஆறு ஆட்டம், திங்கள் விடுமுறை. அந்த விடுமுறை பல வாரங்களில் பஸ்ஸிலேயே கழியும். பத்தொன்பது வயதுப் பையனை அறைக்குக் கூப்பிட்டு, "உன்னை விடுவிக்கிறார்கள்" என்று சொல்வதும் மேனேஜர்தான். மேஜர் லீக்கில் ஆடுபவர்களில் கால்வாசிக்கு மேல் வெளிநாட்டில் பிறந்தவர்கள், கீழே போகப்போக டொமினிகன், வெனிசுவேலா பையன்கள் இன்னும் அதிகம். அந்தச் செய்தியை மொழிபெயர்ப்பாளர் வைத்துச் சொல்கிறவரை யாரும் மதிப்பதில்லை. எம்பிஏ இருந்த இடத்தில் ஸ்பானிஷ் இருந்திருந்தால் உங்கள் கேள்விக்கு என் பதில் வேறாக இருந்திருக்கும். இன்றே தொடங்குங்கள், அரிசோனாவில் பேசிப் பழக ஆளுக்குப் பஞ்சமில்லை.

இனி விசா. கனவைவிட இதுதான் உங்கள் வழியைத் தீர்மானிக்கும். எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருக்கும்போது வளாகத்துக்கு வெளியே சம்பள வேலை என்றால் சிபிடி (படிப்பின் பகுதியான வேலை) அல்லது ஓபிடி (படிப்பு சார்ந்த பயிற்சி வேலை) அனுமதி முன்கூட்டியே வேண்டும். படிப்பு முடிந்தபின் 12 மாத ஓபிடி, உங்கள் பட்டம் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் மேலும் 24 மாதம். அந்த நீட்டிப்புக் காலத்தில் சம்பளமில்லாத வேலை செல்லாது, "அனுபவத்துக்காகச் சும்மா வாருங்கள்" என்று கூப்பிடும் அணிகளிடம் கவனம். அதன்பின் எச்-1பி வேலை விசா. அது குறிப்பிட்ட பட்டம் தேவைப்படும் வேலைக்குத்தான், 'கோச்' என்ற பதவிக்கு அதை நிரூபிப்பது கடினம், 'டேட்டா அனலிஸ்ட்' என்றால் எளிது. பி-1 (P-1) விசா என்று யாராவது சொன்னால், அது அடிப்படையில் ஆட வருகிறவர்களுக்கானது. இன்னொன்று, யாரும் முன்கூட்டிச் சொல்லாதது: ஹை-ஏவில் வான்கூவர் அணி இருக்கிறது. அந்த லீக்கில் வேலை கிடைத்தால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசா வேண்டும், அணி பஸ் எல்லையில் நமக்காகக் காத்திருக்காது.

அதனால் உங்கள் கதவு கோச்சிங் அல்ல, தரவு. மைதானங்களில் டிராக்மேன், ஹாக்-ஐ போன்ற கருவிகள் ஒவ்வொரு பந்தின் வேகம், சுழற்சி, திரும்பும் அளவு எல்லாவற்றையும் பதிகின்றன. மைனர் லீக் அணிகளோடு அந்தப் பதிவையும் வீடியோவையும் பார்த்துக்கொள்ள ஓர் இளைஞர் பயணம் செய்கிறார். அந்த வேலைக்கு எஸ்க்யூஎல், பைத்தான் அல்லது ஆர், வீடியோ வெட்டத் தெரிதல், ஓரளவு ஸ்பானிஷ். விளம்பரங்கள் பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் வரும், பிப்ரவரி நடுவில் பிட்சர்களும் கேட்சர்களும் முகாமுக்கு வருவதற்குள் இடம் நிரம்பிவிடும். ஐடி சம்பளத்தை நினைத்துக்கொண்டு வராதீர்கள். அங்கிருந்து கோச்சிங் பக்கம் நகர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எண்ணைக் காட்டினால் பையன் கேட்கமாட்டான், "உன் முழங்கை இந்த இடத்தில் தாழ்கிறது" என்று காட்டினால்தான் கேட்பான். அந்தத் திறமை கணினியில் வராது.

அது வரும் இடம் சிறுவர்களுக்கான பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக். அங்கேயும் 'மேனேஜர்' என்றுதான் பெயர், எல்லோரும் தன்னார்வலர்கள், யாருக்கும் சம்பளம் கிடையாது. பின்னணிச் சோதனை உண்டு, சிறுவர் பாதுகாப்புப் பயிற்சி உண்டு. சேருமுன் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நாளே பந்து எண்ணும் கவுன்டர் ஒன்று வாங்குங்கள்: 9-10 வயதுக்கு ஒரு நாளைக்கு 75 பந்து, 11-12 வயதுக்கு 85. 66 பந்துக்கு மேல் போட்ட பையனுக்கு நான்கு நாள் ஓய்வு. 41 பந்து போட்டவன் அன்று கேட்சராக ஆடக்கூடாது. நம் கிரிக்கெட் புத்திக்கு, "நன்றாகத்தானே போடுகிறான், இன்னொரு ஓவர் கொடு" என்று தோன்றும். அந்தப் பழக்கத்தை இங்கேயே விட்டுவிடவேண்டும். கிரிக்கெட்டில் கற்ற ஃபீல்டிங் வீணாகாது, எதிர்த்திசையில் அந்தப் பாதை ஏற்கெனவே போடப்பட்டது: பேஸ்பால் கோச் மைக் யங் ஆஸ்திரேலிய கிரிக்கெட் அணிக்கே ஃபீல்டிங் சொல்லிக்கொடுத்தவர்.

மே தொடங்கி ஜூலை வரை உங்கள் பக்கத்திலேயே காம்ப்ளெக்ஸ் லீக் ஆட்டங்கள் நடக்கும், பின்பக்கத்து மைதானங்களில், டிக்கெட் இல்லாமல். தண்ணீரும் தொப்பியும் எடுத்துப் போய், பந்தை விட்டுவிட்டுப் புல்பென்னைப் பாருங்கள். யார் எப்போது எழுந்தார், எத்தனை பந்து சூடு பிடித்தார், உள்ளே வந்தாரா இல்லையா என்று நோட்டில் குறியுங்கள். ஒரே அணியை ஒரு வாரம் விடாமல் பாருங்கள். ஏழாவது நாள், மேனேஜர் யாரைக் கூப்பிடுவார் என்பதை முதலில் நோட்டில் எழுதிவிட்டுப் பிறகு தலையை நிமிர்த்துங்கள்.