பத்து ஆண்டு வாரண்டியும் அடகுக் கடை வட்டியும்

கேள்வி: காரைக்குடிக்கு அருகே பாட்டனார் கட்டிய வீட்டில் நானும் மனைவியும் இருக்கிறோம். மற்ற மூன்று பங்காளிகளும் வெளியூரில் இருக்கிறார்கள். வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில் மழைநீர் ஒழுகுவதால், மூன்று ஆண்டுகளாக ஐப்பசிக்கு முன் நகையை அடகு வைத்து, ஒவ்வொரு முறையும் 90,000 ரூபாய் செலவில் தளத்துக்கு வாட்டர்புரூஃப் பூச்சு அடிக்கிறோம். 10 ஆண்டு வாரண்டி அட்டையும் தந்தார்கள், ஒழுகல் நிற்கவில்லை. அடகுக்கு வட்டி மட்டும் கட்டி வருகிறேன். வங்கியில் 3 லட்சம் வைப்பு இருக்கிறது. இப்போது ஒரு முகவர் 24,000 ரூபாய்க்கு வீட்டுப் பாதுகாப்புத் திட்டம் எடுக்கச் சொல்கிறார். எடுக்கலாமா? சென்னையில் அடுக்ககம் வாங்கிய மகனோ, கட்டியவர்தான் 5 ஆண்டு பொறுப்பு என்கிறான். — ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: எடுக்க வேண்டாம். அத்தகைய திட்டங்கள், எடுக்கும் நாளுக்கு முன்பே இருந்த பழுதைப் பொதுவாக ஏற்பதில்லை; மூன்று மழைக்காலமாக ஒழுகும் கூரை அந்தக் கணக்கில்தான் சேரும். மகன் சொல்வது ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14ஆம் பிரிவு. அது விற்பனைக்குக் கட்டித் தரும் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். பாட்டனார் வீட்டுக்கு அதில் வேலையில்லை. 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீடும், புயலில் ஓடு பறந்து நீர் புகுந்தால் உதவுமே தவிர, நாள்பட்டுத் தேய்ந்த கூரையின் ஒழுகலுக்குப் பணம் தராது.

உங்கள் கையில் உள்ள அட்டையைப் பின்பக்கம் திருப்பிப் படியுங்கள். இவ்வகை அட்டைகளில் பெரும்பாலும், குறை வந்தால் பூச்சுப் பொருளை மட்டும் தருவோம், கூலி உங்களுடையது, விரிசலுக்கும் அடித்தளக் கோளாறுக்கும் பொறுப்பில்லை என்றே பொடி எழுத்தில் இருக்கும். செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துப் போட்ட மெட்ராஸ் தளத்தில், ஈரத்தை வெளியே விடாத பூச்சு கொப்பளித்துக் கிளம்புவதும் புதிதல்ல. தவிர, இரண்டாம் கட்டில் இறங்கும் நீர் தளத்திலிருந்து வருகிறதா, ஓட்டுக் கூரைகள் சேரும் கூடல்வாயிலிருந்து வருகிறதா என்று யாராவது ஏறிப் பார்த்தார்களா? கூடல்வாயில் தகரம் அரித்திருந்தால், தளத்துக்கு எத்தனை பூச்சு அடித்தாலும் பயனில்லை. 10 ஆண்டு வாரண்டி உள்ள வேலைக்கு அடுத்த ஆண்டே மறுபடியும் முழுப் பணம் கொடுத்தது ஏன் என்பதும் எனக்கு விளங்கவில்லை. ரசீது இருந்தால், குறையை எழுத்தில் தெரிவித்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் தர 2 ஆண்டு வரம்பு உண்டு.

ஆனால் உங்களைக் கெடுப்பது வாரண்டி அல்ல. நால்வருக்குப் பொதுவான கூரைக்கு உங்கள் மனைவியின் நகையை மட்டும் அடகு வைக்கும் வழக்கம். மூன்று தடவைக்கு 2,70,000 ரூபாய். மாதம் நூற்றுக்கு 1 ரூபாய் வட்டி என்று கொண்டால், முதல் அடகுக்கு 3 ஆண்டு, அடுத்ததற்கு 2, கடைசிக்கு 1 என்று ஏறக்குறைய 65,000 ரூபாய் வட்டிக்கே போயிருக்கிறது. உங்கள் கால் பங்கு 67,500தான். மற்ற மூவரின் 2,02,500 ரூபாயை அவர்கள் கேட்காமலே கடனாகக் கொடுத்து, வட்டியையும் நீங்களே சுமக்கிறீர்கள். 'நீங்க செஞ்சிருங்க, அப்புறம் பார்த்துக்குவோம்' என்று தொலைபேசியில் சொல்வது அவர்களுக்குச் செலவில்லாத வார்த்தை.

வைப்பு நிதியை உடைத்து நகையை மீட்டுவிடுங்கள். ஆண்டுக்கு 32,400 வட்டி கட்டிக்கொண்டு, அதே தொகைக்கு வங்கியில் 7 சதவீதம் என்றால் 18,900 வாங்குவது எந்தக் கணக்கிலும் சேராது; முன்கூட்டியே எடுப்பதற்குச் சிறு பிடித்தம் இருந்தாலும் அது இந்த வித்தியாசத்தைவிடக் குறைவாகவே இருக்கும். பிறகு, ஓடு மாற்றத் தெரிந்த, சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனாரைக் கூடல்வாய் வரை ஏறிப் பார்க்கச் செய்து, எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். அதன் நகலை மூவருக்கும் அனுப்பி, பழைய கணக்கையும் இணைத்து, இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற கூட்டுக் கணக்கில் அவரவர் பங்கு வந்த பிறகே வேலை தொடங்கும் என்று தெளிவாக எழுதுங்கள். ஒருவர் தரவில்லை என்றால், சேர்ந்த பணத்துக்கு எட்டும் வரை இரண்டாம் கட்டை மட்டும் சரிசெய்யலாம். முகப்பும், முதல் முற்றமான வளவும் காத்திருக்கட்டும்.

இந்த ஐப்பசிக்குள் பணம் சேராவிட்டால், கூடல்வாயின் மேல் தார்ப்பாய் கட்டி, நீர்போக்கிகளில் அடைத்த சருகை அள்ளி, கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கி வையுங்கள். அந்தச் சில ஆயிரம் உங்கள் ஓய்வூதியத்துக்குள் அடங்கிவிடும்.